பத்தாவது ஆளாக வா, சாம்சன்

அலிபாக்
3 ஆகஸ்ட் 2026

அன்புள்ள சாம்சன்,

போன வாரம் போனில் நீ கேட்டதற்கு அப்போதே பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஜெபத்துக்கு வேண்டிய பத்து ஆண்கள் கூடச் சேராத நம் யூத ஆலயத்துக்காக ஏன் இப்படி அலைகிறாய் அம்மா, கதவைப் பூட்டி, சாவியை மும்பையில் யாரிடமாவது கொடுத்துவிட்டு இஸ்ரேலுக்கு, அஷ்தோதுக்கு என்னிடம் வந்துவிடு என்றாய். என் முழங்கால் வலியை நினைத்துத்தான் சொன்னாய், தெரியும், கோபம் ஒன்றும் இல்லை. ஆனாலும் இரண்டு நாள் மனசு ஆறவில்லை. போனில் பேசினால் அழுதுவிடுவேன், நீயும் பயந்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன். நீளமாக இருக்கும், ஓய்வாக இருக்கும்போது படி.

முதலில் இங்கே நடப்பதைச் சொல்கிறேன். ஜூலை 23-ஆம் தேதி, எருசலேம் ஆலயம் இடிந்ததற்குத் துக்கம் காக்கிற திஷா பெ அவ் நோன்பு முடிந்தது. பாட்டி காலத்தில் அதற்கு 'பிர்ட்யாசா சண்' என்றுதானே பெயர், மொச்சையை முளைகட்டித் தோலுரித்துச் செய்கிற பிர்டா இல்லாமல் அந்த நாள் போகாது. நான் ஒருத்திக்காகச் செய்வானேன் என்று முதலில் நினைத்தேன், அப்புறம் அரைக் கிலோ ஊறவைத்து, நம் இஸ்ராயேல் ஆளித் தெருவில் இருக்கிற வீடுகளுக்கெல்லாம் ஒரு கிண்ணம் கொடுத்தேன்.

இனி நம் புத்தாண்டுக்கு முந்தின எலூல் மாதம். ஆகஸ்ட் 16 ஞாயிற்றுக்கிழமையிலிருந்து மன்னிப்புக் கேட்கிற செலிஹோத் ஜெபம், விடிவதற்கு முன்னாலேயே எழுந்து போக வேண்டும். உன் அப்பா இருந்தவரை நாலு மணிக்கு அவர் இருமுகிற சத்தத்தில்தான் நீ எழுந்திருப்பாய், ஞாபகம் இருக்கிறதா? கையில் டார்ச் லைட்டோடு மழையில் நீங்கள் இருவரும் நடந்து போவதை நான் ஜன்னலில் நின்று பார்ப்பேன். இப்போது அந்த நேரத்துக்கு நாலைந்து பேர்தான் வருகிறார்கள். பத்துப் பேர் இல்லாததால் சில பகுதிகளை விட்டுவிட்டு மற்றதைச் சொல்லி முடிக்கிறோம்.

ஆகஸ்ட் 30 ஞாயிறு ஆலயத்தைச் சுத்தம் செய்கிற நாள் என்று பேசி வைத்திருக்கிறோம். தொங்குகிற கண்ணாடி விளக்குகளை இறக்கிக் கழுவ வேண்டும், நடு மேடையின் மரக் கம்பிகளுக்கு எண்ணெய் போட வேண்டும், மேற்குச் சுவரில் தோரா வேதச் சுருள்கள் இருக்கும் பேழைக்கு முன்னால் இருக்கும் சிவப்புத் திரையை எடுத்துவிட்டு வெள்ளைத் திரை போட வேண்டும். அந்த வெள்ளைத் திரையின் ஓரம் பிய்ந்திருக்கிறது, நானும் ரேவ்தண்டாவிலிருந்து வரும் இரண்டு பெண்களும் சேர்ந்து அதைத் தைத்துக்கொண்டிருக்கிறோம். அன்றே மூன்று மணிக்கு மேல் நவ்காவ் போவதாக ஏற்பாடு. எலூலில் கல்லறைகளுக்குப் போகாமல் இருக்கக் கூடாது என்று அப்பா சொல்வார். கப்பல் உடைந்து அங்கே கரை சேர்ந்த நம் பெனே இஸ்ராயேல் முன்னோர்கள் ஏழு ஆணும் ஏழு பெண்ணும், கடலில் போனவர்களை ஆண்களுக்கு ஒரு மேடு, பெண்களுக்கு ஒரு மேடு என்று அங்கேதான் புதைத்தார்கள் என்ற கதையை நீ எய்தானுக்குச் சொல்லியிருக்கிறாயா? கதையாகச் சொன்னால் போதாது, அவன் அந்த மணலில் நிற்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை.

சரி, பண்டிகைக்கு வருகிறேன். நம் புத்தாண்டு ரோஷ் ஹஷானா செப்டம்பர் 11 வெள்ளி சாயங்காலம் தொடங்குகிறது. இந்த வருஷம் முதல் நாளே சனிக்கிழமையாகப் போய்விட்டது, ஷப்பாத் ஓய்வு நாளில் ஷோஃபார் கொம்பு ஊதக் கூடாது, ஆகவே 13-ஆம் தேதி ஞாயிறு ஒரே நாள்தான் ஊத வேண்டும். அந்த ஒரு நாளுக்கு இங்கே ஆள் இல்லை. அப்பாவுக்குப் பிறகு ஊதிக்கொண்டிருந்தவருக்கு இப்போது மூச்சு வாங்குகிறது, தெகியா என்கிற நீண்ட ஒலியை எப்படியோ நீட்டிவிடுகிறார், தெருவா என்கிற விட்டுவிட்டு வரும் ஒலியில் ஒன்பது துண்டுகளையும் வெட்டி வெட்டி ஊத முடியவில்லை. கோடி வீட்டுப் பையனுக்குப் பதினான்கு வயது, ஆசையாக இருக்கிறான், தினமும் மாலை வந்து அப்பாவின் கொம்பை எடுத்து ஊதிப் பார்க்கிறான். கன்னத்தை உப்ப வைக்கிறானே தவிர உதட்டை இறுக்கத் தெரியவில்லை. சொல்லிக்கொடுக்க எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியும். அப்பா உன்னை மாடிப்படியில் உட்காரவைத்துக் கற்றுக்கொடுத்தபோது நான் அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தேன், ஆனால் காதால் கேட்டதை உதட்டுக்குக் கொண்டுபோக முடியவில்லையே.

ஹல்வாவைப் பற்றிக் கவலைப்படாதே, அதை நான் பார்த்துக்கொள்கிறேன். கோதுமையை ஊறவைத்து அரைத்துப் பால் எடுத்து, தேங்காய்ப் பால் ஊற்றிக் கிளறுவதற்கு இப்போது கை ஓயாமல் நிற்க முடியாது, அதனால் அடுத்த வீட்டுக்காரம்மா பாதி நேரம் கிளறுகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். அவர்களுக்கு 14-ஆம் தேதி பிள்ளையார் வருகிறார், நம் பண்டிகை முடிந்த மறுநாளே. அவள் வீட்டு மோதகத்துக்கு நான் தேங்காய் துருவிக் கொடுக்க வேண்டும் என்பது பேச்சு.

இப்போது நான் உண்மையில் சொல்ல வந்ததற்கு வருகிறேன். பாவமன்னிப்பு நோன்பு நாளான கிப்பூர் செப்டம்பர் 20 ஞாயிறு சூரியன் மறைந்ததும் தொடங்கி 21 திங்கள் இரவு முடிகிறது. ரோஷ் ஹஷானாவுக்கு மும்பை, தாணேயிலிருந்து சொந்த ஊரைப் பார்க்க யாராவது வந்துவிடுவார்கள். கிப்பூருக்கு அவரவர் தங்கள் ஆலயத்தில்தான் இருப்பார்கள், நோன்போடு பிரயாணம் செய்ய முடியாது. பேரைச் சொல்லி எண்ணிப் பார்த்தேன். இங்கே ஆறு ஆண்கள், கோடி வீட்டுப் பையனோடு ஏழு, தாணேயிலிருந்து அண்ணன் தம்பி இருவர் முந்தின நாளே வந்து தங்குவதாக வாக்குக் கொடுத்திருக்கிறார்கள். ஒன்பது. மறுபடியும் மறுபடியும் எண்ணினேன், ஒன்பதுதான்.

இதை நான் ஏன் இவ்வளவு பெரிதாகச் சொல்கிறேன் என்றால், அப்பாவின் நினைவு நாளன்று நடந்ததை உன்னிடம் சொல்லவில்லை. அன்றும் ஒன்பது பேர்தான் வந்தார்கள். பத்தாவது ஆளுக்காக ஒன்றே கால் மணி நேரம் காத்திருந்தோம். ஒருவர் பேருந்து நிலையம் வரை போய், மும்பை வண்டியில் நம்மவர் யாராவது இறங்குகிறார்களா என்று பார்த்துவிட்டு நனைந்துகொண்டே திரும்பி வந்தார். அப்புறம், இறந்தவர்களுக்காகப் பத்து ஆண்கள் கூடிய இடத்தில்தான் சொல்லக்கூடிய கத்திஷைச் சொல்லாமலேயே ஜெபத்தை முடித்தார்கள். நாற்பது வருஷம் மற்றவர்களுடைய அப்பா அம்மாக்களுக்காக அந்த மேடையில் நின்று கத்திஷுக்குக் குரல் கொடுத்தவர் உன் அப்பா. பெண்கள் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து நான் என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் எழுந்து போய் நின்றாலும் பத்தாகாது. நீ அங்கே சொல்லியிருப்பாய், அது எனக்குத் தெரியும், ஆனால் அவருடைய சுவர்களுக்குள் அன்று அந்த வார்த்தைகள் கேட்கவில்லை, அது என்னால் தாங்க முடியாததாக இருந்தது.

கதவைப் பூட்டிவிடு என்று நீ சொன்னபோது எனக்கு அந்த நாள்தான் கண்ணுக்கு முன்னால் வந்தது. இந்த ஆலயம் 1848-ல் வந்தது, இப்போது இருக்கிற கட்டடம் 1910-ல் எழுப்பியது. அதற்கு முன்னால் எத்தனையோ தலைமுறை இந்தக் கொங்கண் கரையில் புத்தகமும் இல்லாமல், எபிரேயமும் மறந்து, செக்கில் எண்ணெய் ஆட்டிக்கொண்டு இருந்திருக்கிறார்கள். சனிக்கிழமை செக்கு ஓடாது, அதனால் ஊர்க்காரர்கள் வைத்த பெயர் சனிவார் தேலி, சனிக்கிழமை எண்ணெய்க்காரர்கள். அவர்களுக்கு மிச்சம் இருந்தது ஷெமா ஜெபம் ஒன்றும், ஓய்வு நாளும், விருத்தசேதனமும், சில பண்டிகைகளும், செதிலும் துடுப்பும் இல்லாத மீனைத் தொடாத வழக்கமும்தான். தாவீத் ரஹாபி என்கிற யூதர் வந்து, நாம் யூதர்தானா என்று சோதிக்க எல்லா மீனையும் கலந்து கொடுத்துச் சமைக்கச் சொன்னபோது நம் பெண்கள்தான் பிரித்துக் கொடுத்தார்கள் என்று பாட்டி பெருமையாகச் சொல்வாள். இன்றைக்கும் சந்தையில் மீன்காரி என்னைப் பார்த்ததும் வஞ்சிரத்தையும் வாவலையும் முன்னால் இழுத்துவைத்து இறால் கூடையை ஓரமாகத் தள்ளுகிறாள். அவளுக்கு இதை யாரும் பாடம் எடுக்கவில்லை, அவள் அம்மா என் மாமியாருக்கு விற்றவள்.

அந்த நாட்களில் கிப்பூருக்கு 'தர்ஃபால்னிச்சா சண்' என்று பெயர், கதவடைக்கிற பண்டிகை. என் பாட்டி சொல்வாள், எல்லோரும் குளித்து வெள்ளை உடுத்தி, வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு, வெளியாரோடு ஒரு வார்த்தை பேசாமல் மறுநாள் இரவு வரை இருப்பார்களாம். இறந்துபோன முன்னோர்கள் அன்று வீட்டுக்கு வந்து மறுநாள் போகிறார்கள் என்ற நம்பிக்கை, அதனால் மறுநாள் 'ஷிலா சண்', ஏழைகளுக்குக் கொடுத்து உறவுகளைப் பார்க்கிற நாள். என்ன ஜெபம் சொல்ல வேண்டும் என்று தெரியாத காலத்திலேயே கதவைச் சாத்த வேண்டிய நாளை அவர்கள் தவறவிடவில்லை. இப்போது நம்மிடம் புத்தகம் இருக்கிறது, தோரா சுருள்கள் இருக்கின்றன, மராத்தி மொழிபெயர்ப்பு கூட இருக்கிறது, ஆள்தான் இல்லை.

போனவர்கள் மேல் எனக்குக் குறை இல்லை, அதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். உன் பெரியப்பா குடும்பம் இஸ்ரேலுக்குப் போனபோது அங்கே நம்மவர்களை முழு யூதர்களா என்று கேட்டார்கள், கல்யாணப் பதிவுக்கே அலையவிட்டார்கள், 1964-ல் போராடித்தான் அது தீர்ந்தது. அத்தனையையும் பொறுத்துக்கொண்டு அவர் அங்கே வேரூன்றியதால்தான் நீ இன்று தலை நிமிர்ந்து வேலை பார்க்கிறாய். நீ திரும்பி வந்து இங்கேயே குடியிரு என்று நான் ஒருநாளும் கேட்க மாட்டேன். இந்த ஒரு மாதத்தைத்தான் கேட்கிறேன், அதுவும் முடியாவிட்டால் கிப்பூரை மட்டும் கேட்கிறேன்.

எய்தானைக் கூட்டிக்கொண்டு வா. கிப்பூரிலிருந்து, தோரா சுருள்களோடு ஆடுகிற சிம்ஹாத் தோரா வரை அங்கே பள்ளிக்கூடம் பெரும்பாலும் விடுமுறைதானே? சுக்கோத் பண்டிகைக்குப் போடுகிற சுக்கா பந்தலுக்குத் தென்னங்கீற்று சொல்லிவைத்துவிட்டேன், பின்கட்டில் கம்பு நடுவதற்கு இடம் இருக்கிறது, பழங்களைக் கட்டித் தொங்கவிடுவது அவன் வேலை. செப்டம்பர் 25 வெள்ளி சாயங்காலம் சுக்கோத் தொடங்குகிற நேரத்தில்தான் கடற்கரைக்குப் பிள்ளையார்கள் கரைக்கப் போவார்கள். நாம் கீற்றுக்குக் கீழே உட்கார்ந்து கித்துஷ் ஆசீர்வாதம் சொல்லும்போது தெருவில் தாரை தப்பட்டை கேட்கும், சின்ன வயதில் நீ சாப்பாட்டை விட்டுவிட்டு வாசலுக்கு ஓடியது போல அவனும் ஓடட்டும், நான் திட்ட மாட்டேன். சிம்ஹாத் தோரா உங்களுக்கு அங்கே 3-ஆம் தேதியே முடிந்துவிடும், இங்கே அக்டோபர் 4 ஞாயிறு. சுருள்களைத் தூக்கிக்கொண்டு ஆடுகிறவர்களுக்கு இப்போது வயதாகிவிட்டது, ஒரு சுருளை நீ தூக்கு, அந்தக் கனம் உன் தோளுக்குத் தெரிந்ததுதானே.

நீ வந்து சேர்ந்ததும் மலீதா படையல் வைப்பதாக எலியா தீர்க்கதரிசியிடம், நம் எலியாஹு ஹா நாபியிடம் வேண்டிக்கொண்டிருக்கிறேன். அவல், தேங்காய்த் துருவல், சர்க்கரை, ஏலக்காய், முந்திரி, பழங்கள், ரோஜா எல்லாம் தட்டில் வைத்து, எல்லோரும் உட்கார்ந்து அந்தப் பாட்டைப் பாட வேண்டும். ஒரு நாள் காலையில் இங்கே அலிபாக் பக்கத்தில் இருக்கிற கண்டாலாவுக்கும் போகலாம், அவருடைய ரதம் இறங்கிய தடம் என்று நாம் கும்பிடுகிற பாறையை எய்தான் தொட்டுப் பார்க்கட்டும். பாறை வழுக்கும், மழை விட்ட பிறகு போவோம்.

வருகிற வழியைச் சொல்கிறேன். சாலை வழியாக வராதே, பிள்ளையார் பண்டிகைக்கு ஊருக்குப் போகிற கார்கள் வட்கல் முனையில் மணிக்கணக்கில் நிற்கும். மும்பை பாவ்ச்சா தக்கா துறையில் ரோ-ரோ கப்பல் ஏறினால் ஒரு மணி நேரத்தில் மாண்ட்வா. அங்கிருந்து ஆட்டோ கிடைக்கும், நான் கோடி வீட்டுப் பையனையே அனுப்பிவைக்கிறேன். கிப்பூருக்கு மட்டும் வருவதானால் ஞாயிறு மதியத்துக்குள் வீட்டில் இருக்க வேண்டும், நோன்புக்கு முன்னால் நிதானமாகச் சாப்பிட வேண்டும். நோன்பு முடிந்ததும் குடிக்கக் கறுப்பு திராட்சையை ஊறவைத்துப் பிழிந்த சர்பத், அதோடு ரவையும் தேங்காயும் வைத்த பூரி. ரூத்துக்கு அந்தப் பூரி பிடிக்கும், அவளுக்கு வர முடியாவிட்டால் டப்பாவில் கட்டித் தருகிறேன்.

அப்பாவின் வெள்ளைச் சட்டை இரண்டு பெட்டியில் இருக்கின்றன. போட்டோவில் பார்த்தால் உனக்குத் தோள் அகன்றிருக்கிறது. தையல்காரர் பிள்ளையார் வேலை தொடங்குவதற்கு முன்னால் கொடுக்கச் சொல்கிறார், அதனால் தோள் அளவையும் கை நீளத்தையும் ரூத்தை எடுக்கச் சொல்லி இந்த வாரமே அனுப்பிவை. எய்தானின் அளவையும் சேர்த்து அனுப்பு, மிச்சத் துணியில் அவனுக்கும் ஒன்று தைக்கலாம்.

அன்புடன்,
அம்மா