முட்டியையும் சர்க்கரையையும் ஒரே நாளில் பாருங்கள்

மாவட்ட சுகாதார அதிகாரி அவர்களுக்கு,

வணக்கம். மலேசியாவின் பேராக் மாநிலத்தில் ஒரு தோட்டத்து ஊரிலிருந்து எழுதுகிறேன். எங்கள் கிளினிக் நிலவரம் உங்களுக்குத் தெரியாததல்ல. போன செவ்வாய்க்கிழமை நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

அம்மாவுக்கு 67 வயது. முப்பது வருஷத்துக்கு மேல் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். இனிப்புநீர் (நீரிழிவு) வந்து 14 வருஷம் ஆகிறது; இரண்டு முட்டியும் தேய்ந்துவிட்டது. காலை ஏழரைக்கு நம்பர் எடுத்து, பதினொன்றுக்கு மேல்தான் உள்ளே போனோம். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் சர்க்கரைப் பரிசோதனையில் (HbA1c) 9.4 விழுக்காடு. "தினம் அரை மணி நேரம் நடக்கணும்மா" என்றார்கள். முட்டி வலியைச் சொன்னோம். "இன்னைக்கு இனிப்புநீர் மட்டும்தான், முட்டிக்கு வேற நாள் வாங்க" என்று பதில் வந்தது.

எங்கள் வீட்டு வாசலில் மூன்றே படி. அம்மா அதில் நேராக இறங்கி ஒரு வருஷம் ஆகிறது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, வீட்டுப் பக்கம் திரும்பி நின்று, ஏணியில் இறங்குவது போல ஒவ்வொரு காலாகப் பின்னால் வைக்கிறார். இனிப்புநீரால் பாதம் மரத்துவிட்டது. கால் படியில் பட்டதா என்று குனிந்து பார்த்துத்தான் பாரத்தை இறக்குவார். இவரைத்தான் நடக்கச் சொல்கிறீர்கள்.

பெரிய ஆஸ்பத்திரியில், அந்த மூன்று மாதச் சர்க்கரை 8-க்குக் கீழே வந்தால்தான் முட்டி ஆப்பரேஷன் என்கிறார்கள். சர்க்கரை இறங்க நடக்க வேண்டும், நடக்க முட்டி வேண்டும். அம்மா எங்கே போவார்?

இரண்டும் வேறு வேறு வியாதி என்று எழுதி வைத்திருக்கலாம், உடம்பு அப்படிப் பிரித்து வைக்கவில்லை. ரத்தத்தில் கூடிய சர்க்கரை மூட்டுக் குருத்தெலும்பில் ஒட்டி அதை விறைக்க வைக்கிறது. முட்டி வலிக்குப் போடும் ஸ்டீராய்டு ஊசி சர்க்கரையை ஏற்றுகிறது. தனியாரிடம் ஊசி போட்ட பிறகு அம்மாவுக்கு மூன்று நாள் ரத்தச் சர்க்கரை 16 mmol/L-க்குக் கீழே வரவில்லை. வலி மாத்திரையைக் கடையில் வாங்கி விழுங்கினால் சிறுநீரகம் கெடும். அம்மா அப்படி மாத்திரை விழுங்குகிறாரா என்று அந்த அறையில் யாரும் கேட்கவே இல்லை.

2019 மலேசியத் தேசிய சுகாதார ஆய்வில், இந்நாட்டில் வாழும் வயது வந்த இந்தியர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் என்று வந்தது. குந்தி மரம் வெட்டியும் பால் வாளி தூக்கியும் முட்டியைத் தேய்த்தவர்கள் ஊர் முழுக்க இருக்கிறார்கள். அந்தக் காலத்தில் தோட்டத்துக்கு, மருந்து கொடுத்துக் காயம் கட்டும் ஒரு டிரெசராவது இருந்தார். தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றார்கள், தோட்டத்து ஆஸ்பத்திரியும் போனது. இந்த நாட்டுக்கு உழைத்த கால்களுக்கு ஒரே நாளில் இரண்டு கேள்வி கேட்கக்கூட உரிமை இல்லையா?

மன்னிக்கவும், கோபம் வந்துவிட்டது. தயவுசெய்து இனிப்புநீர் நாளிலேயே முட்டியையும் பார்க்கச் சொல்லுங்கள். மாதம் ஒரு தடவை பிசியோதெரபிஸ்ட் ஒருவரை அனுப்புங்கள். நாற்காலியில் உட்கார்ந்தபடி காலை நீட்டி மடக்கும் பயிற்சி போதும். தொடைத் தசை பலப்படும், அந்தத் தசைதான் சர்க்கரையையும் இழுத்துக்கொள்ளும். பெரிய செலவு ஒன்றும் கேட்கவில்லை, ஐயா. ஒரே நாள், ஒரே அறை, சர்க்கரையும் முட்டியும்.

அம்மாவுக்கு அடுத்த அப்பாயின்மென்ட் மூன்று மாதம் கழித்து. அன்றைக்கு முட்டியையும் பார்ப்பார்கள் என்று அவரிடம் சொல்லலாமா?

இப்படிக்கு,
பால்மரம் வெட்டியவரின் மகள்