உன் தோளுக்குப் பொருந்துவதை வாங்கு

சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

அன்பு மகள் கண்ணம்மாவுக்கு, அம்மா எழுதுவது.

நீ அனுப்பிய மூன்று ரைஃபிள் படங்களையும் பார்த்தேன். மூன்றும் நல்ல சாமான்தான். "எதை வாங்கட்டும்மா, சீக்கிரம் சொல்லு" என்று கேட்டிருக்கிறாய். சீக்கிரம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நம் நாட்டில் துப்பாக்கி வாங்குவது செருப்பு வாங்குகிற மாதிரி இல்லை. கடித்தால் மறுவாரமே கொடுத்துவிட்டு வேறொன்று வாங்க முடியாது. துப்பாக்கி வைத்திருக்கத் தகுதி உண்டு என்கிற காம்பிடன்சி சான்றிதழ் உன் கையில் வந்துவிட்டது, சந்தோஷம். இனி வாங்கும் ஒவ்வொரு துப்பாக்கிக்கும் தனி லைசன்ஸ். நீ பணம் கட்டினாலும் போலீஸ் லைசன்ஸ் கொடுக்கும் வரை அது கடைக்காரரின் அறையில்தான் இருக்கும். அதற்கு மாதக்கணக்கில் ஆகும். பிடிக்கவில்லை என்று விற்றுவிட்டு இன்னொன்று வாங்கினால் முதலிலிருந்து திரும்பவும் அதே வரிசை. அதனால் ஒருமுறை வாங்கு, பொறுமையாக வாங்கு.

அதற்குள் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. உங்கள் கிளப்பில் நான்கைந்து பேரிடம் நல்ல .22, அதாவது நீ வாங்கப்போகிற அதே சின்னத் தோட்டா ரைஃபிள், இருக்கும். லைசன்ஸ் வைத்திருப்பவர் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டால், அவர் துப்பாக்கியை நீ சுட்டுப் பார்க்க சட்டத்தில் இடம் உண்டு. கூச்சப்படாமல் கேள். துப்பாக்கிக்காரர்களுக்குத் தங்கள் சாமானைக் காட்டுவதைவிடப் பெரிய சந்தோஷம் கிடையாது. உன் தோட்டாவை நீயே கொண்டுபோ, அவர்கள் தோட்டாவில் கை வைக்காதே, அவ்வளவுதான்.

சரி, சுடும்போது எதைப் பார்ப்பது? முதலில் உன் உடம்புக்குப் பொருந்துகிறதா என்று பார். நீ என்னைப் போலக் குட்டைக் கைக்காரி, அதோடு இடது தோளில் வைத்துச் சுடுகிறவள். கடையில் இருக்கும் ரைஃபிள்களில் பெரும்பாலானவை ஆறடி உயர வலதுகை ஆண்பிள்ளைக்குச் செய்தவை. தோளில் முட்டும் பின்கட்டை, அதுதான் ஸ்டாக், நீளமாக இருந்தால் கழுத்தை முன்னால் நீட்டுவாய், பத்துத் தோட்டாவுக்குள் கழுத்து வலிக்கும், வலி வந்ததும் குரூப், அதாவது தாளில் விழும் ஓட்டைகளின் கூட்டம், பரவ ஆரம்பித்துவிடும். இப்படிச் சோதித்துப் பார். காலித் துப்பாக்கியைத் தரையில் படுத்த நிலையில் தோளில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, கன்னத்தை ஸ்டாக்கின் மேல் சும்மா சாய்த்து வை. பிறகு கண்ணைத் திற. தலையைத் தூக்காமல், இறக்காமல், ஸ்கோப்பின் வட்டம் முழுசாக, ஓரத்தில் கறுப்பு நிழல் இல்லாமல் தெரிந்தால் அந்த ஸ்டாக் உனக்குச் சரி. நிழல் தெரிந்தால் கன்னம் வைக்கும் இடத்தின் உயரம் உனக்கு ஒத்துவரவில்லை என்று அர்த்தம். அதை ஏற்றி இறக்கும் வசதி உள்ள ஸ்டாக் கிடைத்தால் கொஞ்சம் கூடுதல் காசு போனாலும் பரவாயில்லை.

இடது தோளில் வைத்து வலதுகை ரைஃபிளைச் சுட்டால் காலிக் கூடு உன் முகத்துக்கு முன்னால்தான் தெறிக்கும். கூட்டை வெளியே தள்ளி அடுத்த தோட்டாவை ஏற்றும் கைப்பிடியான போல்ட்டை இழுக்க ஒவ்வொரு தடவையும் கையைத் துப்பாக்கியின் மேலே தாண்டிக் கொண்டுபோக வேண்டும். சமாளிக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் நீ ஏன் சமாளிக்க வேண்டும்? செக் நாட்டு சீஸெட் 457-இல் இடதுகை மாடல்கள் உண்டு. ஜெர்மனியில் ஊல்ம் நகரத்து ஆன்ஷுட்ஸிலும் உண்டு. இங்கே உடனே கிடைக்காது, வரவழைக்க வேண்டியிருக்கும். லைசன்ஸுக்கு எப்படியும் காத்திருக்கத்தானே போகிறாய்.

நீ அனுப்பிய படத்தில் அரை ஆட்டோமேட்டிக், அதாவது அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும், ருகர் 10/22 ஒன்று இருந்தது. 1964-இலிருந்து வருகிற, உலகம் முழுக்கக் கொண்டாடுகிற துப்பாக்கி. ஆனால் உன்னைப் போல எப்போதாவது சுடுகிறவர்களுக்கான 15-ஆம் பிரிவு லைசன்ஸில் அரை ஆட்டோமேட்டிக் ரைஃபிள் வராது. சட்டம் இடம் கொடுத்தாலும் உனக்கு நான் போல்ட்தான் சொல்லியிருப்பேன். ஒவ்வொரு தோட்டாவுக்கும் கையால் போல்ட்டைத் திறந்து மூடும்போது மூச்சும் மனமும் அடங்கும். அதோடு, தாளில் ஒரே ஓட்டையாகப் போட வேண்டும் என்ற ஆசை உனக்கு வந்துவிட்டது என்று உன் எழுத்திலேயே தெரிகிறது. அந்த ஆசைக்கு நல்ல போல்ட் ரைஃபிள்தான் ஈடுகொடுக்கும்.

பெயர் சொல்லிக் கேட்டாயே, சொல்கிறேன். சீஸெட் 457, 2019-இல் வந்தது. போல்ட்டை 60 டிகிரி தூக்கினால் போதும், ட்ரிகரை நாமே சரிசெய்துகொள்ளலாம், பின்னால் வேறு பேரல் மாட்டவும் வழி இருக்கிறது. கொடுக்கிற காசுக்கு இதைவிட நல்லது எனக்குத் தெரியாது. ஃபின்லாந்து டிக்கா டி1எக்ஸின் போல்ட் வெண்ணெயாக ஓடும். ஆனால் அதன் பிளாஸ்டிக் ஸ்டாக் உன் கைக்கு நீளமாக இருக்கும் என்று நினைக்கிறேன், பிடித்துப் பார்த்துவிட்டு முடிவுசெய். ஆன்ஷுட்ஸ் என்றால் 50 மீட்டர் போட்டியில் தலைமுறை தலைமுறையாகப் பேர் வாங்கியது. புதிது வாங்கினால் அப்பாவின் பழைய பக்கி வண்டி விலை ஆகிவிடும். ஆனால் பழைய ஆன்ஷுட்ஸ் மேட்ச் ரைஃபிள் ஒன்று கிளப் மூலமாக விலைக்கு வந்தால் கைநழுவ விடாதே. .22-இன் ஈயத் தோட்டா மென்மையானது, சூடும் குறைவு. ஆகவே பேரல் பல்லாயிரம் தோட்டாவுக்குத் தாங்கும். நான் இப்போது சுடுவதும் அப்படி வாங்கியதுதான், நீ பிறப்பதற்கு முன்பே அது வேறொருவர் கையில் சுட்டுப் பழகியது.

பழையது வாங்கினால் மூன்று இடம் பார். பேரலின் வாய் ஓரத்தை டார்ச் அடித்துப் பார், துளியளவு சொட்டை இருந்தாலும் தோட்டா வெளியேறும் கடைசி நொடியில் ஒருபக்கமாகத் தள்ளும். தோட்டா உட்காரும் அறையான சேம்பரின் விளிம்பையும் பார். இந்த வகைத் தோட்டாவில் தீப்பற்றும் மருந்து கூட்டின் விளிம்புக்குள் இருக்கிறது, ஊசி அடிப்பது அந்த விளிம்பைத்தான். தோட்டா இல்லாமலே விசையை அமுக்கிக்கொண்டே இருந்தால் சில துப்பாக்கிகளில் ஊசி போய்ச் சேம்பரின் ஓரத்தையே அடித்துப் பள்ளம் போட்டுவிடும். அப்புறம் கூடு உள்ளே சிக்கும். கடைசியாக, துணி சுற்றிய கம்பியைப் பேரலுக்குள் மெதுவாகத் தள்ளு. எங்காவது திடீரென்று இளகினால் அங்கே குழல் வீங்கியிருக்கிறது, வேண்டாம் என்று சொல்லிவிட்டு வா.

ட்ரிகரைப் பற்றி நீ ஒன்றும் கேட்கவில்லை, ஆனால் எனக்கு அதுதான் பெரிது. நல்ல ட்ரிகரை அமுக்கினால் கொஞ்சம் எதிர்த்து நிற்கும், பிறகு கண்ணாடிக் குச்சி முறிந்தாற்போல விடும். நடுவில் கரகரப்போ இழுவையோ இருக்கக் கூடாது. அமுக்க வேண்டிய எடை ஒரு கிலோவுக்குக் கீழே இருந்தால் நன்றாக இருக்கும். அதற்காக மிகவும் லேசாக வைக்காதே, குளிரில் விரல் மரத்துப்போகும்போது லேசான ட்ரிகர் உன்னைக் கேட்காமலே போய்விடும்.

இப்போது தோட்டா. எல்லோரும் துப்பாக்கியைப் பற்றியே பேசுவார்கள், இதைப் பற்றிப் பேசமாட்டார்கள். பெரிய ரைஃபிள்காரர்கள் வீட்டிலேயே மருந்து நிரப்பித் தங்களுக்கேற்ற தோட்டா செய்துகொள்வார்கள். .22-இல் அது நடக்காது, தொழிற்சாலை கொடுப்பதைத்தான் சுட வேண்டும். ஒரே கம்பெனி, ஒரே பெயர், ஆனால் தயாரித்த தொகுதி மாறினால் உன் பேரல் வேறு மாதிரி சுடும். ஒரு ரைஃபிள் எஸ்கே கம்பெனித் தோட்டாவை விரும்பும், அதே மாடலின் அடுத்த ரைஃபிள் ஈலி கம்பெனியுடையதை விரும்பும். ஏன் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது, சுட்டுத்தான் பார்க்க வேண்டும். ஐந்தாறு வகையில் ஒவ்வொரு பெட்டி வாங்கு. மணல்மூட்டையில் ரைஃபிளை வைத்து 50 மீட்டரில் ஒவ்வொன்றிலும் ஐந்தைந்தாகப் பல குரூப் சுடு. ஒரு குரூப் அழகாக வந்துவிட்டது என்று குதிக்காதே, அது யதேச்சையாகவும் வரும். திரும்பத் திரும்ப எது நெருக்கமாக வருகிறதோ அதன் பெட்டியில் இருக்கும் தொகுதி எண்ணைக் குறித்துக்கொள், அதே எண்ணில் முடிந்த அளவு வாங்கு.

அந்த "முடிந்த அளவு" இங்கே ஒரு சிக்கல். சாதாரண லைசன்ஸுக்கு ஒரு துப்பாக்கிக்கு 200 தோட்டாவுக்கு மேல் வீட்டில் வைத்திருக்கக் கூடாது. ஒரு மத்தியானம் மனம் வைத்துப் பயிற்சி செய்தால் அது தீர்ந்துவிடும். அதனால் அரசு அங்கீகாரம் உள்ள சங்கம் ஒன்றில் சேர்ந்து, அவர்கள் கேட்கும் போட்டிகளில் கலந்துகொண்டு, "டெடிகேட்டட்" விளையாட்டுச் சுடுநர், அதாவது தொடர்ந்து ஈடுபடுகிறவர், என்ற தகுதியைப் பிடி. அது கிடைத்து, அதற்குரிய 16-ஆம் பிரிவு லைசன்ஸும் எடுத்தால் இந்த வரம்பு உனக்கு இல்லை. ரைஃபிள் வாங்கும் யோசனையோடு சேர்த்தே இதையும் செய்.

வேகமான தோட்டா நல்லது என்று கடையில் சொல்லுவார்கள், கேட்காதே. நொடிக்கு 370 மீட்டருக்கு மேல் போகும் தோட்டா பாதி வழியில் ஒலியின் வேகத்துக்குக் கீழே இறங்கும், இறங்கும்போது தடுமாறும். பக்கக் காற்றில் அது அதிகமாகவும் ஒதுங்கும். வேகமானது குறைவாகத்தானே ஒதுங்க வேண்டும் என்று உனக்குத் தோன்றும், எனக்கும் ஆரம்பத்தில் நம்பமுடியவில்லை. காற்றின் எதிர்ப்பில் அது ஆரம்பத்திலேயே நிறைய வேகத்தை இழந்துவிடுகிறது, ஒதுக்கம் அந்த இழப்பைப் பொறுத்தது. சாதாரண வேகத் தோட்டா, 330 மீட்டரைச் சுற்றிப் போவது, அதை வாங்கு. ஆனால் நீ இருப்பது பிரிட்டோரியா. ஜூலை காலையில் குளிர் பூஜ்யத்தைத் தொடும்போது ஒலியின் வேகமே 331 மீட்டருக்கு இறங்கிவிடும், 25 டிகிரியில் அது 346. அந்தக் குளிரில் சாதாரணத் தோட்டாவும் ஒலியின் வேகத்தை ஒட்டியே போகும். ஆகவே குளிர்காலை குரூப்பையும் பத்துமணி வெயில் குரூப்பையும் ஒரே தாளில் கலந்து கணக்குப் போடாதே. இங்கே டர்பனில் கடல்மட்டத்தில் சரிசெய்து வைத்த குறியும் உங்கள் மேட்டுநிலத்தில் அப்படியே வராது, காற்று அங்கே மெல்லியது. தூரம் கூடக்கூட அந்த வித்தியாசம் தெரியும்.

ஸ்கோப்புக்கு ரைஃபிள் விலையில் பாதியாவது ஒதுக்கு. 50 மீட்டருக்குப் பாரலாக்ஸ் சரிசெய்ய முடிகிற ஸ்கோப்பாகப் பார். பெரிய துப்பாக்கிக்கென்று 100 மீட்டரில் நிலைநிறுத்திய ஸ்கோப்பை இதில் மாட்டினால், கண் சற்று நகர்ந்தாலே குறுக்குக்கோடும் நகரும், நீ உன்னையே குறை சொல்லிக்கொண்டிருப்பாய். சர்வதேசப் போட்டியின் 50 மீட்டர் தாளில் பத்துப் புள்ளி வட்டம் வெறும் 10.4 மில்லிமீட்டர், தோட்டா போடும் ஓட்டை 5.6. அந்த இரண்டு எண்ணையும் மனதில் வைத்துக்கொண்டால் ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்று புரியும்.

நம் நாட்டுத் தர நிறுவனத்தின் எஸ்ஏபிஎஸ் 953 முத்திரை உள்ள சேஃபை முதலில் சுவரில் திருகி வை, போலீஸ்காரர் வந்து பார்ப்பார். சாவி உன்னிடம் மட்டும். என்றைக்காவது ஊசி அடித்தும் தோட்டா வெடிக்காவிட்டால் குழலை டார்கெட் பக்கமே வைத்து முப்பது நொடி காத்திரு, பிறகுதான் போல்ட்டைத் தொடு. இதில் மட்டும் எனக்கு உன்னிடம் எந்தச் சலுகையும் இல்லை கண்ணு.

புரட்டாசி சனிக்கிழமைக்கு வீட்டுக்கு வருவாய்தானே? அப்போது என் ஆன்ஷுட்ஸை எடுத்துக்கொண்டு இங்கே ரேஞ்சுக்குப் போவோம். வலதுகை போல்ட்டில் உனக்கு எவ்வளவு தொல்லை என்று நேரில் பார்த்துவிட்டு, இடதுகை சீஸெட்டுக்கு ஆர்டர் கொடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்துகொள்ளலாம். அதுவரை கடைக்காரருக்கு முன்பணம் கொடுக்காதே. கிளப்பில் சுட்டுப் பார்க்கும் ரைஃபிள் ஒவ்வொன்றின் தாளிலும் பின்பக்கம் மாடல், தோட்டா, தொகுதி எண், அன்றைய குளிர் எல்லாம் எழுதி எனக்குப் படம் அனுப்பு. அப்பா உன்னை விசாரித்தார், ஊறுகாய் தீர்ந்துவிட்டதா என்று கேட்கச் சொன்னார்.

அன்புடன்,
அம்மா