கொரியாவை விட்டுவிடாதே

அன்புள்ள மகளுக்கு,

அவமதிக்கப்பட்ட தேசங்களின் நினைவைப் பற்றிய உன் ஆய்வேட்டின் இரண்டாம் அத்தியாயத்தை அனுப்பியதோடு சரி, அதன்பிறகு ஒரு வரி இல்லை. வேலை மும்முரம் போலும். அண்ணனிடம் மட்டும் வெகுநேரம் பேசினாயாம். என்ன பேசினாய் என்று அவன் சொல்லவில்லை, நானும் துருவவில்லை.

முதல் உலகப் போருக்குப் பின் துருக்கியோடு சமாதானம் பேசிய லொசான் மாநாட்டுப் பகுதி அருமை. பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் கர்சன் பிரபு முழங்கித் தீர்க்க, காது மந்தமான துருக்கிப் பிரதிநிதி இஸ்மத் பாஷா எதுவுமே விழாதவர்போல உட்கார்ந்திருந்துவிட்டு, பழைய கோரிக்கையையே திரும்ப எடுக்கும் இடத்தில் வாய்விட்டுச் சிரித்தேன். தம் மண்ணிலேயே அந்நியருக்குத் தனி நீதி, தனிச் சலுகை என்றிருந்ததைப் பேரரசாக வாழ்ந்தவர்கள் எப்படி மறப்பார்கள்? 1923இல் அதை ஒழித்துவிட்டுத்தான் கையெழுத்திட்டார்கள். ஐ.நா.வுக்கு முன்னிருந்த சர்வதேச சங்கத்துக்கும் விண்ணப்பம் போடவில்லை. அழைப்பு வந்த பிறகே 1932இல் சேர்ந்தார்கள். இதை என் மகள் எழுதியிருக்கிறாள் என்று கேட்டவர் கேளாதவர் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன்.

ஜப்பானில்தான் அவசரப்பட்டுவிட்டாய். 1853இல் மிரட்ட வந்த அமெரிக்கத் தளபதி பெரியின் போர்க்கப்பல்கள், அந்நியருக்குத் தனி நீதி தந்த 1858 ஒப்பந்தங்கள், வெள்ளையர் மெச்ச வேண்டுமென்று ரொகுமெய்கான் மாளிகையில் கவுனும் கோட்டுமாக ஆடிய நடனங்கள், 1899இல் அந்நியரின் தனி நீதிமன்றங்கள் ஒழிந்தது, எல்லாம் இருக்கிறது. 1876 எங்கே? கப்பலைக் காட்டி மிரட்டிக் கொரியத் துறைமுகங்களைத் திறக்கவைத்து, அங்கே தன் ஆட்களைத் தானே விசாரிக்கும் உரிமையையும் ஜப்பான் பிடுங்கிக்கொண்டதே! தன் காயம் ஆறுவதற்கு 23 ஆண்டுகள் முன்பே.

1919 பாரிஸ் சமாதான மாநாட்டில் ஜப்பான் கொண்டுவந்த இனச் சமத்துவத் தீர்மானத்துக்கு 17இல் 11 வாக்குகள் விழுந்தும் ஒருமனதாக இல்லையென்று அமெரிக்க அதிபர் வில்சன் தள்ளியதற்காக மனம் வெதும்பி எழுதியிருக்கிறாய். அநியாயம்தான். ஆனால் அதே 1919இல் ஜப்பானிய ஆட்சியிலிருந்து விடுதலை கேட்டுத் தெருவுக்கு வந்த கொரியர்களை ஜப்பான் சுட்டது. நினைவு என்றாலே பாதிக்கப்பட்டவரின் நினைவு என்று எடுத்துக்கொண்டுவிட்டாய். வாசலில் நிறுத்தி அவமதிக்கப்பட்டவன் உள்ளே போனதும் என்ன செய்தான் என்பதும் அந்த நினைவின் வேலைதான். கொரியாவைச் சேர். பத்தி நீண்டாலும் பரவாயில்லை, சேர்.

அத்தியாயம் திருத்தச் சொல்லித் திரும்பி வருவது ஆய்வில் எல்லோருக்கும் நடப்பது. பொதுவாகச் சொல்கிறேன். நெறியாளர் கோபித்தால் கோபித்துப் போகட்டும். அதற்காக யாரும் படிப்பைப் போட்டுவிட்டுக் கிளம்புவதில்லை. தேசங்களின் மௌனத்துக்கெல்லாம் காரணம் கண்டுபிடிக்கிறவள், வீட்டுக்கு ஒரு வார்த்தை எழுதக் கூடாதா?

கொரியா பகுதியை மட்டுமாவது முதலில் அனுப்பு. எழுத ஓடவில்லை என்றால் போன் செய். அம்மா பேசட்டும், நான் குறுக்கிடமாட்டேன்.

அன்புடன்,
அப்பா