எண்ணெய்த் தலையும் எண்ண ஓட்டமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மனதில் நினைப்பதை அப்படியே படித்துவிடும் இயந்திரம் வந்துவிட்டதாக, மூளை அலை ஆய்வைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். இருபத்தாறு ஆண்டுகள், தலையில் கம்பிகளை ஒட்டி மூளை அலையைப் பதிவு செய்யும் இ.இ.ஜி. அறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். படித்துவிட்டுச் சிரிப்புதான் வந்தது. வருகிறவரிடம் நாங்கள் முதலில் கேட்பது, தலைக்கு எண்ணெய் வைத்திருக்கிறீர்களா என்றுதான். வைத்திருந்தால் ஷாம்பூ போட்டுக் குளித்துவிட்டு மறுநாள் வரச் சொல்வோம். தலைத்தோலில் எங்களுக்குக் கிடைக்கும் அலை ஏறக்குறைய 50 மைக்ரோவோல்ட். டார்ச் லைட்டில் போடும் ஒரு செல்லின் மின்னழுத்தத்தில் முப்பதாயிரத்தில் ஒரு பங்கு. தேங்காய் எண்ணெயைத் தாண்டி வரவே அதற்குத் தெம்பு போதாது. கண் சிமிட்டினால், பல்லைக் கடித்தால், நெற்றி வியர்த்தால் அலை கோணலாகிவிடும்.

ஒரு திருத்தமும் உண்டு. ஜெர்மனியின் யேனா நகரில் மனநல மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் மனித மூளை அலையை முதன்முதலில் பதிவு செய்தது 1929இல் அல்ல, 1924இல். 1929 அவர் அதை வெளியிட்ட ஆண்டு. நடுவில் போன ஐந்து ஆண்டுகள்தான் என் கண்ணுக்குப் பெரிதாகப் படுகின்றன. இது இதயத் துடிப்பின் நிழலோ, தலைத்தசையின் அசைவோ, ரத்தக் குழாயின் அதிர்வோ என்று தன் முடிவையே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தார். மகன் கிளாஸின் தலையிலும் பதிவு செய்து பார்த்தார். இத்தனைக்கும் அவர் புறப்பட்டது நீங்கள் எழுதிய அதே ஆசையோடுதான். இளம் வயதில் ராணுவப் பயிற்சியில் குதிரையிலிருந்து விழுந்து மயிரிழையில் தப்பினார். தொலைவிலிருந்த அக்காவுக்கு அன்றே மனம் பதறி, வீட்டிலிருந்து தந்தி வந்தது. மனதிலிருந்து மனதுக்குச் செய்தி போகிறதா என்று தேடப் போனவருக்குக் கிடைத்தது, கண்ணை மூடினால் நொடிக்குப் பத்துத் தடவை ஏறி இறங்கி, கண்ணைத் திறந்தால் அடங்கிவிடும் ஓர் அலை. 1934இல் கேம்பிரிட்ஜில், நோபல் பரிசு பெற்ற உடலியல் அறிஞர் ஏட்ரியன் தன் தலையிலேயே அதைக் காட்டிய பிறகுதான் மற்றவர்கள் நம்பினார்கள்.

பெர்கரை அவ்வளவு புகழ்ந்த கட்டுரையில் இன்னொரு வரியும் சேர்த்திருக்கலாம். நாஜி ஆட்சியில் கட்டாயக் கருத்தடை வழக்குகளைத் தீர்த்த நீதிமன்றத்தில் அவரும் உட்கார்ந்திருக்கிறார்.

மூளை அலையை வைத்துக் குற்றவாளியைப் பிடித்துவிடலாம் என்று முடித்திருக்கிறீர்கள். 2010 மே மாதம், செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்கில், சம்மதம் இல்லாதவருக்கு இந்தச் சோதனையை நடத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. பொய் கண்டறியும் சோதனை, மருந்து செலுத்தி அரைமயக்கத்தில் பேச வைக்கும் நார்கோ சோதனை இரண்டுக்கும் அதே தீர்ப்புதான். அதைக் குறிப்பிடாமல் விட்டது சரியில்லை.

இயந்திரம் உதவாது என்று நான் சொல்லவில்லை. ஒரு நாள், இரண்டாம் வகுப்புப் படிக்கும் சிறுமி ஒருத்தியை அழைத்து வந்தார்கள். வகுப்பில் பராக்குப் பார்க்கிறாள், கூப்பிட்டால் திரும்புவதில்லை என்று புகார். வேகமாக மூச்சுவிட்டால் மறைந்திருக்கும் கோளாறு அலையில் தெரியலாம்; அந்த வயதுக் குழந்தைகளை அப்படி மூச்சுவிட வைப்பதற்காக ஒரு காகிதக் காற்றாடி வைத்திருப்போம். அதை அவள் கையில் கொடுத்து ஊதச் சொன்னேன். நொடிக்கு மூன்று சென்டிமீட்டர் ஓடும் காகிதத்தில் பேனாக்கள் அமைதியாக எழுதிக்கொண்டிருந்தன. இரண்டாவது நிமிடம், எல்லாப் பேனாக்களும் ஒன்றாகத் துள்ளின. ஓர் ஊசிமுனை, ஒரு மேடு, மீண்டும் ஊசிமுனை, மேடு என்று நொடிக்கு மூன்று. காற்றாடி நின்றுவிட்டது. கண் திறந்தபடியே இருந்தது, பெயர் சொல்லிக் கூப்பிட்டேன், பதில் இல்லை. பத்து நொடியில் பேனாக்கள் அடங்கின. நடுவில் ஒன்றுமே நடக்காததுபோல் அவள் மறுபடி ஊதத் தொடங்கினாள்.

அந்தப் பத்து நொடியில் அவள் மனதில் என்ன ஓடியது என்று காகிதத்தில் ஒரு கோடும் இல்லை. அது ஒரு வகை வலிப்பு, மருந்தில் கட்டுப்படுத்தலாம் என்று டாக்டர் விளக்கியதும் அம்மா பிள்ளையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். "சொன்ன பேச்சுக் கேட்கவில்லை என்று நேற்றுகூட அடித்தேனே" என்றார்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற இ.இ.ஜி. ஊழியர்,
மதுரை.