கயிறு அறுந்துவிடுமா என்று கேட்டிருந்தாய்

நாகர்கோவில்,
ஞாயிறு இரவு

அன்புள்ள மக்கா,

கடிதம் கிடைத்தது. குலசேகரத்தில் சாரல் விடாமல் அடிப்பதால் ரப்பர் வெட்டு ஒழுங்காக நடக்கவில்லை என்று எழுதியிருந்தாய். இங்கேயும் அதே கதைதான், மாடியில் போட்ட துணி காய்வதாக இல்லை. மைனிக்கு முட்டுவலி குறைந்ததும், மகளுக்குத் தக்கலையிலேயே வேலை அமைந்ததும் கேட்டு சந்தோஷம். தினமும் பஸ் ஏறி தூரமாக அலைய வேண்டாமே.

கடைசிப் பக்கத்தில் எழுதியிருந்த விஷயத்துக்கு வருகிறேன். உடம்பைக் கட்டிலில் விட்டுவிட்டு சூட்சும உடலில் வெளியே போகும் பயிற்சியைத் தொடங்கப் போகிறாய். போகும்போது அந்த இரண்டு உடலையும் இணைப்பதாகச் சொல்லும் வெள்ளிக் கயிறு அறுந்துவிடுமா, காலியாகக் கிடக்கும் உடம்பில் வேறேதும் புகுந்துவிடுமா, காவலுக்கு என்ன மந்திரம் சொல்லலாம் என்று மூன்று கேள்வி. எனக்குக் கவலை தருவது நீ கேட்காமல் விட்ட நாலாவது கேள்வி: உன் தூக்கம். விடியுமுன் எழுந்து தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு கத்தியோடு தோட்டத்தில் இறங்குகிறவன் நீ. இந்தப் பயிற்சியில் ஆள் கெட்டுப்போவதற்குப் பெரும்பாலும் தூக்கக் கேடும் பயமும்தான் காரணம். காவல் போட வேண்டிய இடமும் அந்த இரண்டுதான்.

முதலில் கயிறு. மேல்நாட்டு நூல்களில் அதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். ஆனால் இந்த அனுபவம் வாய்த்தவர்களில் பலர் கயிறு எதையும் பார்த்ததே இல்லை. 2002-ல் சுவிட்சர்லாந்தில் ஓலாஃப் பிளாங்கே என்ற நரம்பியல் மருத்துவரும் அவருடைய குழுவினரும் ஒரு வலிப்பு நோயாளிப் பெண்ணுக்குச் சிகிச்சைக்காக மூளையில் மின்முனைகள் வைத்திருந்தார்கள். வலது காதுக்குச் சற்று மேலே, பின்பக்கமாக உள்ள ஒரு பகுதியில் லேசாக மின்சாரம் செலுத்தியதும், தான் மேலே மிதப்பதாகவும், கட்டிலில் கிடக்கும் தன் கால்களும் இடுப்பும் கீழே தெரிவதாகவும் அவர் சொன்னார். தூண்டுதல் நின்றதும் அந்த உணர்வும் நின்றது. நம் உடம்பு எங்கே இருக்கிறது என்று கணக்கு வைக்கிற இடம் அது. அந்தக் கணக்கு தடுமாறும்போது வெளியே நிற்பதுபோல் தெரிகிறது. அனுபவம் நிஜம்தான், அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். உடம்பை விட்டு ஏதோ ஒன்று கழன்று போகிறது என்பதற்கு மட்டும் இன்றுவரை நிரூபணம் இல்லை. அந்த நேரம் முழுக்க இதயம் துடிக்கிறது, மூச்சு ஓடுகிறது, மூளை வேலை செய்கிறது. அறுவதற்குக் கயிறும் இல்லை, காலியாகக் கிடக்கும் வீடும் இல்லை.

இரண்டாவது கேள்வி எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். தூக்கத்தில் அறிவு விழித்தும் உடம்பு அசையாமல், யாரோ நெஞ்சில் ஏறி அமுக்குவது போலிருக்குமே, நம் ஊரில் அதற்கு அமுக்குவான் என்று பெயர் வைத்திருக்கிறோம். கனவு வரும் தூக்கத்தில், கனவில் ஓடுகிறவன் கட்டிலிலிருந்து எழுந்து ஓடிவிடாதபடி மூளை கைகால் தசைகளைத் தளர்த்தி வைக்கிறது. அந்தப் பூட்டு திறக்குமுன் அறிவு விழித்துக்கொண்டால் அசைய முடியாது. நெஞ்சை அமுக்குவது போலிருப்பதற்கும் காரணம் உண்டு: விலாத் தசைகளும் தளர்ந்திருக்க, மூச்சு உதரவிதானத்தால் மட்டும் ஓடுகிறது. நீ வேண்டுமென்றே ஆழமாக இழுக்கப் பார்ப்பாய், நெஞ்சு விரியாது, மூச்சு நின்றுவிட்டதாகத் தோன்றும். நிற்கவில்லை. பயந்த மூளை அறையில் யாரோ நிற்பதாகக் காட்டும். இசக்கி என்ற உக்கிர தெய்வத்தின் கதை கேட்டு வளர்ந்தவனுக்கு அந்த உரு ஒரு மாதிரி, வேறு நாட்டானுக்கு வேறு மாதிரி.

பயிற்சி செய்கிறவனுக்கு இது வர வாய்ப்பு அதிகம், ஏனென்றால் உடம்பு தூங்க, அறிவு விழித்திருக்கத்தான் நீ முயற்சி செய்கிறாய். அதனால் வெளியே போகக் கற்கும் முன்னால் இதிலிருந்து மீளக் கற்றுக்கொள். மொத்த உடம்பையும் உதறி எழப் பார்க்காதே, பயம் ஏறத்தான் செய்யும். கண் தசைகளுக்கு அந்தப் பூட்டு கிடையாது, கண்ணை இடமும் வலமும் மெல்ல ஓட்டு. கவனத்தை ஒரு கால் பெருவிரலுக்குக் கொண்டுபோய் அதை மட்டும் அசைக்கப் பார். மூச்சை இழுக்கப் போராட வேண்டாம், தானாக வெளியே போவதைக் கவனி. பெரும்பாலும் சில நொடியிலிருந்து ஓரிரு நிமிடத்துக்குள் விட்டுவிடும். விட்டதும் உடனே திரும்பப் படுக்காதே, அதற்குள்ளேயே மறுபடி விழுவாய். எழுந்து லைட் போட்டு, காலைத் தரையில் ஊன்றி ஐந்து பத்து நிமிடம் உட்கார், பிறகு ஒருக்களித்துப் படு. இதைப் பகலில் கட்டிலில் கிடந்து ஒத்திகை பார்த்து வை. பயத்தில் எதுவும் ஞாபகம் வராது, பழகியது மட்டும்தான் வரும்.

மந்திரம் உனக்குப் பழக்கமானது எதுவும் போதும், அம்மா சொல்லித் தந்த ஜெபமாகவே இருக்கட்டும். மூச்சை விடும்போது மெதுவாகச் சொல். மனசு அடங்கும், அதுதான் அதன் பலம். ஆனால் ‘தீய சக்தியே விலகு’ என்பது போன்ற சொற்கள் வேண்டாம். அந்த நிலையில் மனசு எதை எதிர்பார்க்கிறதோ அதையே கண்முன் காட்டும், விரட்டுகிற சொல்லே ஆளைக் கூப்பிட்டுவிடும். தகடு, மந்திரித்த திருநீறு என்று காசு கேட்கிறவனிடம் போகாதே. ஊமத்தை விதை தின்றால் சீக்கிரம் கைகூடும் என்று எவனாவது சொன்னால் அந்தப் பக்கமே திரும்பாதே. அது புத்தியைக் குழப்பி, இதயத்தைத் தாறுமாறாக அடிக்க வைத்து, உயிரையே வாங்கும்.

வலிப்பு உள்ளவர், குரல் கேட்கும் நோயோ மிதமிஞ்சிய எழுச்சியும் சோர்வும் மாறி மாறி வரும் நோயோ தனக்கு உள்ளவர் அல்லது குடும்பத்தில் உள்ளவர் இதில் இறங்கவே கூடாது. தூக்கத்தை உடைப்பதே அவர்களுக்கு நோயைக் கிளப்பிவிடும். தூக்க மாத்திரையோ மனநல மாத்திரையோ எடுக்கிறவர் பயிற்சிக்காக அதை நிறுத்தக் கூடாது. வீட்டில் துக்கம் நடந்து மனசு ஆறாத நேரத்திலும் வேண்டாம்.

இப்போது செய்முறை. முதல் இரண்டு வாரம் ஒன்றும் முயலாதே. ஒரே நேரத்தில் படுத்து ஏழு மணி நேரம் தூங்கப் பழகு. வெட்டு நாளில் அது முடியாவிட்டால் பகலில் ஈடுகட்டு. அதன் பிறகு, மறுநாள் வெட்டு இல்லாத இரவு மட்டும், வாரத்துக்கு இரண்டு தடவைக்கு மேல் வேண்டாம். உனக்கு ஒன்றுவிட்டு ஒரு நாள் வெட்டு என்பது இதற்கு வசதி.

அன்றைக்கு இரவுச் சாப்பாட்டை ஏழு மணிக்கே முடி. மரச்சீனியும் மீனும் வயிறு முட்டத் தின்றுவிட்டுப் படுத்தால் நெஞ்செரிச்சல்தான் வரும். சாராய வாடையே ஆகாது. ஒன்பதரைக்குப் படுத்து இரண்டரைக்கு அலாரம் வை. கனவுத் தூக்கம் சுமார் 90 நிமிடத்துக்கு ஒருமுறை சுற்றி வரும், விடியப் போகும் சுற்றுகளில் அதன் நேரம் நீளும். அதனால்தான் இந்த நடுராத்திரி விழிப்பு. எழுந்து சிறுநீர் கழித்து, அரை கிளாஸ் தண்ணீர் குடித்து, மங்கிய வெளிச்சத்தில் 20 நிமிடம் உட்கார். போனைத் தொடாதே.

அறையைப் பற்றி ஒரு வார்த்தை. பாதுகாப்புக்கென்று விளக்கோ கற்பூரமோ ஏற்றி வைத்துத் தூங்குகிறவர்கள் உண்டு. ஆள் அசையாமல் கிடக்கும் அறையில் தீ எரியக் கூடாது. சாம்பிராணிக்குக் கனல் போட்டுக் கதவைச் சாத்தினால் கார்பன் மோனாக்சைடு சேரும், அதற்கு மணமே கிடையாது. ஒரு சின்ன நைட் லேம்ப் போதும், கண் திறந்ததும் அறை அடையாளம் தெரியும். உள்தாழ்ப்பாள் போடாதே. மைனியிடம் சொல்லி வை. மொட்டை மாடியிலோ, மருந்துவாழ்மலைக் குகையில் தனியாகவோ செய்யக் கூடாது.

மல்லாந்து படுத்தால் சீக்கிரம் கைகூடும் என்பார்கள். சரிதான், ஆனால் அமுக்குவானும் அந்தக் கிடப்பில்தான் அதிகம் வரும். முதல் மாதம் ஒருக்களித்துப் படு. பாதத்திலிருந்து மேலே ஒவ்வொரு தசையாக ஐந்து நொடி இறுக்கி, பத்து நொடி தளர்த்து. மூச்சு நான்கு எண்ணி உள்ளே, ஆறு எண்ணி வெளியே. மூச்சை அடக்கும் கும்பகம் வேண்டாம், வேகமூச்சும் வேண்டாம். வேகமூச்சில் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து விரல் மரத்து தலை சுற்றும், அதைச் சிலர் சூட்சும அதிர்வு என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

பிறகு முகத்துக்கு மேலே ஒரு வடம் தொங்குவதாக நினைத்து, கை மாற்றிக் கை மாற்றி ஏறு. உடம்புக் கை அசையக் கூடாது, பிடிக்கிற உணர்வு மட்டும். இதற்குப் பகலில் நிஜமான தேங்காய்நார்க் கயிற்றை இரண்டு நிமிடம் இழுத்துப் பழகு. உள்ளங்கையில் நார் குத்துவது, பிரி முறுக்கு விரலுக்கடியில் ஏறி இறங்குவது, கயிற்றின் மணம், எல்லாம் கவனி. உருவத்தைப் பார்க்கப் பாடுபடுவதைவிட இந்தத் தொடுகை நினைப்புதான் பலருக்கு வேலை செய்கிறது. கூட்டுத் தேனீ போல இரைச்சல், உடம்பெல்லாம் அதிர்வு, சில சமயம் தலைக்குள் வெடி போட்டது போல ஒரு சத்தம் வரலாம். வலி இருக்காது, ஆபத்தும் இல்லை. அப்போது உற்சாகத்தில் துள்ளினால் கலைந்துவிடும். வெளியே வந்ததாகத் தோன்றினால் முதலில் அறைக்குள்ளேயே நில், உன் கையைப் பார், ஒரு நிமிடம் போதும். திரும்ப வேண்டுமென்றால் கால் பெருவிரலை நினை.

நான் மிகவும் பயப்படுவது பொய் விழிப்புக்குத்தான். எழுந்துவிட்டதாகவே தோன்றும், இன்னும் கனவில் இருப்பாய். இதற்கு நேர்மாறாக, விழித்த பிறகும் கனவென்று நினைப்பது உயிருக்கு ஆபத்து. மூக்கை விரலால் அடைத்து இழுத்துப் பார். அடைத்த மூக்கில் காற்று தாராளமாகப் போனால் கனவு. சந்தேகமென்றால் விழித்திருப்பதாகவே வைத்துக்கொள். உயரத்திலிருந்து குதித்தோ, கத்தியால் கீறியோ ஒருபோதும் சோதிக்காதே.

முடிந்ததும் ஒரு கட்டன் சாயா, இரண்டு மட்டிப்பழம், நோட்டில் நாலு வரி. அரை மணி நேரம் பைக்கைத் தொடாதே, தூக்க மயக்கம் உடனே தெளியாது. பகலில் எல்லாம் நிஜமில்லாதது போல் இருந்தாலோ, விழித்திருக்கும்போது குரல் கேட்டாலோ, தூங்கவே பயமாக இருந்தாலோ, முயலாத நாளிலும் அமுக்குவான் அடிக்கடி வந்தாலோ அன்றே நிறுத்து. ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பார். ராத்திரி நேரமென்றால் 14416-க்குப் போன் போடு. காசு கிடையாது, தமிழில் பேசலாம். சிரிக்கும்போது முழங்கால் துவண்டு போவதும் பகலில் அடக்க முடியாத தூக்கமும் சேர்ந்து வந்தால் அது வேறு தூக்க நோய், நரம்பு டாக்டரிடம் போக வேண்டும்.

தொடங்குமுன் எனக்கு ஒரு பதில் போடு: இப்போது எத்தனை மணிக்குப் படுக்கிறாய், குறட்டை உண்டா என்று மைனியிடம் கேட்டு எழுது, முட்டுவலிக்கென்று நீயும் ஏதாவது மாத்திரை விழுங்குகிறாயா என்பதையும் சேர்த்து. அதைப் பார்த்த பிறகு எந்த இரவில் தொடங்கலாம் என்று சொல்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி