நானும் கையெழுத்துப் போட்டுட்டேன் டி

அடியே வாசுகி,

திட்டறத எல்லாம் மொதல்ல திட்டி முடிச்சுடு, அப்பறம் படி. நாலு மாசம் ஆச்சு, தெரியும். உன்னோட ரெண்டு மெயிலும் ஸ்டார் போட்டு அப்படியே உக்காந்திருக்கு, தினம் பாக்கறேன், தினம் நாளைக்குன்னு தள்ளறேன். அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது, இப்ப என்னை விட வேகமா நடக்கறாங்க. நசீமா மறுபடியும் வேலை மாறிட்டா, இது எத்தனாவதுன்னு அவளுக்கே கணக்கு தெரியல. ராமு சார் ரிடையர் ஆயிட்டாரு, அந்த லேப் சாவி யார்கிட்ட போச்சுன்னு மட்டும் கேக்காத, நினைச்சு நினைச்சு சிரிச்சு இங்க என் மானமே போச்சு.

சரி, விஷயத்துக்கு வரேன். இத உன்கிட்ட சொல்லலாமா வேணாமான்னு தான் இவ்ளோ நாள் ஓட்டினேன், ஏன்னா நீ அந்தப் பக்கத்து ஆளு, ப்ரீசேல்ஸ்ல, அதாவது விக்கறதுக்கு முன்னாடி கஸ்டமர்கிட்ட டெக்னிக்கலா பேசற டீம்ல உக்காந்து கவர்மெண்ட் அக்கவுண்ட் பாக்கறவ. பூனைகிட்ட போய் பால் கணக்கு கேக்கற மாதிரி இருக்கு. ஆனா வேற யார்கிட்ட பேசறது, வீட்டுல யாருக்கும் புரியாது, கெர்னல் கண்ணன்கிட்ட வாயத் தொறந்தா மூணு மணி நேரம் அவன் தான் பேசுவான்.

எங்க ஆபிஸ்ல ஆபிஸ் சாஃப்ட்வேர், மெயில் ரெண்டுக்கும் லைசன்ஸ் முடியுது, புதுசா டெண்டர் விடணும். கமிட்டியில டெக்னிக்கல் மெம்பரா என்னைப் போட்டாங்க. பெருமையா தான் இருந்துது, பொய் சொல்ல மாட்டேன். ராத்திரி உக்காந்து எங்க ஃபைல் எல்லாத்தையும் லிப்ரே ஆபிஸ்ங்கற இலவச ஆபிஸ் சாஃப்ட்வேர்ல திறந்து பாத்தேன், ஃபைலுக்குள்ள எழுதி வெச்சிருக்கற குட்டி ப்ரோக்ராம், அதான் மேக்ரோ, எது உடையுது, எது ஓடுதுன்னு ஒரு ஷீட் போட்டேன். மொத்தம் 43 மேக்ரோ டி. அதுல நிஜமா தகராறு பண்றது ஆறு தான், மிச்சத்துல பாதி யாரு எழுதினாங்கன்னே தெரியாத குப்பை. மீட்டிங்குக்கு ரெண்டு நாள் முன்னாடி ஸ்பெசிபிகேஷன் டிராஃப்ட் மெயில்ல வந்துது. எங்கயும் ஒரு கம்பெனி பேரு கிடையாது, பாக்க அவ்ளோ சுத்தம். ஆனா ஒவ்வொரு வரியும் ஒரே ஒரு உடம்புக்கு அளவெடுத்துத் தைச்ச சட்டை. இன்ன ஃபைல் ஃபார்மெட் மாத்தாம கொள்ளாம அப்படியே திறக்கணும், ஊழியர் லாகின் எல்லாம் வெச்சிருக்கற இன்ன டைரக்டரி சர்வீஸோட நேரடியா சேரணும், இதே பொருள இவ்ளோ பெரிய இடத்துல முன்னாடியே போட்டிருக்கணும், இவ்ளோ டர்ன்ஓவர் இருக்கணும். ஏதோ தோணி ஃபைலோட ப்ராப்பர்ட்டீஸ்ல போய் பாத்தேன். ஆத்தர்னு ஒரு பேரு இருக்கு. எங்க ஆபிஸ்ல அந்தப் பேருல யாருமே கிடையாது. அதுக்குக் கீழ கம்பெனின்ற இடத்துல இருந்தத நான் எழுதல, உங்க கம்பெனி இல்ல, பயப்படாத.

நேரா எங்க மேலதிகாரிகிட்ட போய் காட்டினேன். அவரு கொஞ்சம் கூட பதறல. "அவங்க ஹெல்ப் பண்ணாங்கம்மா, நமக்கு இதெல்லாம் எழுத வராதுல்ல"ன்னாரு. அந்த மனுஷன் நல்லவர் டி, நிஜமாவே நல்லவர், யார்கிட்டயும் ஒரு பேனா கூட வாங்க மாட்டாரு. அதான் எனக்கு வாயே அடைச்சுப் போச்சு. திருடனா இருந்தா சண்டை போடலாம்.

மீட்டிங் இருபது நிமிஷம். நான் என் ஷீட்ட நீட்டினேன், எல்லாரும் மரியாதையா பாத்தாங்க, அப்பறம் ஒருத்தர் கேட்டாரு, "நீங்க சொல்ற சாஃப்ட்வேர்ல திங்கக்கிழமை காலைல ஏதாவது ஆச்சுன்னா நான் யாருக்கு போன் பண்றது?" அவ்ளோ தான். அந்தப் பக்கம்னா ஒரு அக்கவுண்ட் மேனேஜர் இருக்காரு, நம்பர் இருக்கு, ரெண்டாவது ரிங்ல எடுப்பாரு. என்கிட்ட சொல்றதுக்கு ஒரு பேரு கிடையாது. காசு கொடுத்தா லிப்ரே ஆபிஸுக்கும் சப்போர்ட் தர கம்பெனிங்க இருக்குன்னு சொன்னேன், "அவங்க யாரும் வந்து பாக்கலையே"ன்னாரு. வரல தான். லைசன்ஸ் காசே இல்லாத பொருளுக்கு வாசல்ல காத்திருக்க யாருக்கு சம்பளம் கொடுப்பாங்க சொல்லு. கடைசில பேப்பர் என் முன்னாடி வந்துது, நானும் கையெழுத்துப் போட்டுட்டேன்.

அதுலருந்து தூக்கம் வரல, ஒரே படிப்பு. உனக்குத் தான் தெரியுமே, எனக்கு ஒண்ணு பிடிச்சா விடாது. நீ காலேஜ்ல எப்பவும் "ம்யூனிக்கே மாறிடுச்சு"ன்னு சொல்லி எல்லார் வாயையும் அடைப்பல்ல, அந்தக் கதைய மொதல்லருந்து படிச்சேன். 2003-ல ஜெர்மனில ம்யூனிக் நகர சபை கிட்டத்தட்ட 14,000 கம்ப்யூட்டர விண்டோஸ்லருந்து லினக்ஸுங்கற இலவச சிஸ்டத்துக்கு மாத்தறதுன்னு முடிவு பண்ணப் போறாங்கன்னு தெரிஞ்சதும், ஸ்விட்சர்லாந்துல ஸ்கீயிங் லீவுல இருந்த மைக்ரோசாஃப்ட் தலைவர் ஸ்டீவ் பால்மர் லீவ விட்டுட்டு நேரா மேயர் கிறிஸ்டியன் ஊடேவப் பாக்க வந்துட்டாரு. உலகத்துலயே பெரிய சாஃப்ட்வேர் கம்பெனியோட தலைவர், ஒரே ஒரு ஊரோட கம்ப்யூட்டருக்காக. விலையக் குறைக்கறேன்னாங்க, அப்பவும் சபை லினக்ஸ் தான்னு ஓட்டுப் போட்டுடுச்சு. பத்து வருஷம் இழுத்து 2013-ல ஒரு வழியா முடிச்சாங்க. அடுத்த வருஷமே மேயர் மாறினாரு. புது மேயர் டீட்டர் ரைட்டர், தான் ஒரு மைக்ரோசாஃப்ட் ரசிகன்னு அவரே சொன்னவரு. 2016-ல மைக்ரோசாஃப்ட் ஜெர்மனி தலைமை ஆபிஸ் புறநகர்லருந்து ம்யூனிக் ஊருக்குள்ளயே வந்துது. அதே வருஷம் ஐடி எப்படி இருக்குன்னு ரிப்போர்ட் எழுதினவங்கள்ல ஆக்சென்ச்சர் ஒண்ணு, அவங்க மைக்ரோசாஃப்ட்டோட பெரிய பார்ட்னர். 2017-ல மறுபடியும் விண்டோஸுக்கே போறதுன்னு ஓட்டு. ஆபிஸ் வந்ததுக்கும் இதுக்கும் சம்பந்தம்னு நான் சொல்ல வரல, என்கிட்ட எந்த ஆதாரமும் இல்ல. பால்மர் பறந்து வந்தத விட இது தான் எனக்கு பயமா இருக்கு, ஏன்னா இதுல யாரு என்ன தப்பு பண்ணாங்கன்னு விரல் வெச்சுக் காட்டவே முடியாது, எங்க ஸ்பெக் மாதிரியே.

நியாயமா பேசணும்னா ம்யூனிக்ல தொல்லையும் இருந்துது. வெளி ஆபிஸ்லருந்து வர்ற டாக்குமெண்ட் கலைஞ்சு போறது, சில பழைய ப்ரோக்ராம் விண்டோஸ்ல மட்டும் தான் ஓடுறது, ஒவ்வொரு துறையும் தனித்தனியா ஐடி வெச்சுகிட்டு இழுத்தது. ஆனா பாரு, இதுல பாதி லினக்ஸ் தப்பே இல்ல, நாற்காலி கோணலுக்கு உக்காந்தவன அடிச்ச கதை. 2020-ல புது கூட்டணி வந்ததும், பொதுப் பணத்துல எழுதற ப்ரோக்ராம் கோட் எல்லாருக்கும் பொதுவா இருக்கணும்னு மறுபடியும் திரும்பினாங்க. போறதும் வர்றதுமா அந்த ஊழியருங்க என்ன பாடு பட்டிருப்பாங்க!

நீ இப்ப "சும்மா ஒரு பக்கம் மட்டும் பேசாத"ன்னு சொல்லுவ. சரி, லிப்ரே ஆபிஸ் ஃபைல சேமிக்கற ஓப்பன் ஃபார்மெட் ஓடிஎஃப், அது பின்னாடி ஐபிஎம், சன்னு ரெண்டு பெரிய கம்ப்யூட்டர் கம்பெனிங்க இருந்தாங்க, அவங்க ஒண்ணும் சமூக சேவைக்கு வரல, எதிரியோட கோட்டைல ஓட்டை போட வந்தாங்க. ஒத்துக்கறேன். ஆனா அதுக்கும் மைக்ரோசாஃப்ட் ஃபார்மெட்டுக்கும் நடந்த சண்டையில நடந்ததப் படிச்சா தலை சுத்துது. அமெரிக்காவுல மாசசூசெட்ஸ் மாநிலத்துல பீட்டர் க்வின்னு ஒரு தலைமை ஐடி அதிகாரி. 2005-ல அவங்க கொண்டு வந்த கொள்கை லினக்ஸ் போடுன்னு கூட சொல்லல, அரசாங்க டாக்குமெண்ட ஓப்பன் ஃபார்மெட்ல வெச்சுக்கோ, நூறு வருஷம் கழிச்சும் எவனும் திறந்து படிக்கலாம்னு தான் சொல்லுச்சு. கொஞ்ச நாள்ல அவரு எந்தெந்த மாநாட்டுக்கு யார் செலவுல போனாருன்னு பேப்பர்ல வந்துது, விசாரணை வெச்சாங்க, தப்பு ஒண்ணும் இல்லைன்னு தெரிஞ்சுது, அப்பவும் அவரு வெறுத்துப் போய் ராஜினாமா பண்ணிட்டாரு. 2007-ல மைக்ரோசாஃப்ட்டோட ஓஓஎக்ஸ்எம்எல்லும், அதான் வேர்ட், எக்செல் ஃபைலோட ஃபார்மெட், செல்லும்னு அந்த மாநிலம் சேத்துகிச்சு.

அந்த ஓஓஎக்ஸ்எம்எல்ல ஐஎஸ்ஓங்கற உலக அமைப்போட ஸ்டாண்டர்ட் ஆக்கினது இன்னொரு கூத்து. 6,000 பக்கத்துக்கு மேல. 2007-ல ஸ்வீடன்ல ஓட்டெடுப்புக்குக் கொஞ்சம் முன்னாடி திடீர்னு புதுசு புதுசா கம்பெனிங்க கமிட்டியில மெம்பர் ஆயிட்டாங்க, மைக்ரோசாஃப்ட் ஊழியர் ஒருத்தர் பார்ட்னர்களுக்கு "சேந்து ஓட்டுப் போடுங்க, மார்க்கெட்டிங் உதவி உண்டு"ன்ற மாதிரி மெயில் அனுப்பினது வெளிய வந்துது, கம்பெனியே அது தப்புன்னு ஒத்துகிச்சு. ஸ்வீடன் ஓட்டு செல்லாமப் போச்சு. அந்த ரவுண்டுல பாஸ் ஆகல, 2008-ல ஆயிடுச்சு. இந்தியா ரெண்டு தடவையும் வேணாம்னு தான் ஓட்டுப் போட்டுது, தெரியுமா உனக்கு? எனக்கு இப்ப தான் தெரியும். எங்க ஸ்பெக்ல மொத வரில இருக்கற ஃபைல் ஃபார்மெட் அதே தான் டி.

தள்ளுபடி கதை கேக்கறியா? நீ தள்ளுபடி பத்தி பேசும்போது கண்ணு மின்னுமே! ஹங்கேரில மைக்ரோசாஃப்ட் ஆளுங்க பெரிய தள்ளுபடி வேணும்னு கம்பெனிக்குள்ள அப்ரூவல் வாங்கி, அந்தக் குறைப்பு அரசாங்கத்துக்குப் போய் சேராம நடுவுல இருந்த ரீசெல்லருங்க கையில நின்னு, அதுல அதிகாரிங்களுக்கு லஞ்சம் போச்சுன்னு அமெரிக்காவுல கேஸ் ஆச்சு. 2019-ல மைக்ரோசாஃப்ட் 2.5 கோடி டாலருக்கு மேல கட்டி அத முடிச்சுது. இத எங்க ஆபிஸோட ஒப்பிடல, இங்க அப்படி ஒண்ணும் இல்ல. ஆனா இனிமே யாராவது என் முன்னாடி வந்து எழுபது பர்செண்ட் டிஸ்கவுண்ட்னா, எந்த விலைலருந்துன்னு தான் மொதல்ல கேப்பேன்.

இவ்ளோ இருட்டுல எனக்குப் பிடிச்ச ஒரு ஆளு எட்கார் வில்லானுவேவா. பெரு நாட்டு எம்பி. அரசாங்கத்துல ஃப்ரீ சாஃப்ட்வேர் தான், அதாவது உள்ள இருக்கற கோட யாரும் பாக்கலாம், மாத்தலாம்னு விடற சாஃப்ட்வேர் தான் இருக்கணும்னு மசோதா கொண்டு வந்தாரு, 2002-ல மைக்ரோசாஃப்ட் பெரு மேனேஜர் எதிர்த்து ஒரு கடிதம் எழுதினாரு, இவரு அதுக்கு ஒவ்வொரு பத்தியா எடுத்து பதில் போட்டாரு பாரு, படிக்கவே ஆசையா இருக்கு. மக்களோட தகவல் மக்கள் கைக்கு எட்டணும், வருஷம் ஆனாலும் அழியாம திறக்கணும், உள்ள என்ன நடக்குதுன்னு அரசாங்கம் பாக்க முடியணும், இது மூணும் தான் அவரு பிடிச்ச பிடி. விலைய அவரு முக்கியக் காரணமா வெக்கவே இல்ல. நான் மீட்டிங்ல விலைய மட்டும் பேசினேன், முட்டாள்! விலைன்னு ஆரம்பிச்சா அவங்க குறைச்சுட்டுப் போறாங்க, நம்ம வாதம் அங்கயே செத்துடுது. அதே வருஷம் பில் கேட்ஸ் பெரு பள்ளிக்கூடங்களுக்காக 5,50,000 டாலர் நன்கொடை கொடுத்தாரு, அந்த மசோதா அந்த ரூபத்துல நிறைவேறல.

நான் செய்யாத இன்னொண்ணு, பிரெஞ்சு ஜாந்தர்மரி போலீஸ் செஞ்சது. அவங்க மொதல்ல ஓஎஸ்ஸ, அதான் அடில ஓடற விண்டோஸ, தொடவே இல்ல. 2005-ல லிப்ரே ஆபிஸோட முன்னோடி ஓப்பன் ஆபிஸ், அப்பறம் ப்ரவுசர், மெயில், எல்லாரும் பழகினதுக்கு அப்பறம் அடில உபுண்டுங்கற லினக்ஸ். 70,000 கம்ப்யூட்டருக்கு மேல ஓடுது. இப்ப 2024-லருந்து ஜெர்மனில ஷ்லெஸ்விக் ஹோல்ஸ்டைன் மாநிலமும் 30,000 கம்ப்யூட்டர்ல அதே வரிசையில தான் போகுது, லிப்ரே ஆபிஸ் மொதல்ல.

சரி, இப்ப உன் விஷயம். கோவிச்சுக்காம கேளு. நாலு வருஷம் முன்னாடி உன் மொத பெரிய டீல் முடிஞ்சப்ப எனக்கு போன் பண்ணி, "கஸ்டமருக்கு ஸ்பெக்கே நான் தான் எழுதிக் கொடுத்தேன்"னு குதிச்சல்ல? நானும் குதிச்சேன், ஞாபகம் இருக்கா, சூப்பர் டின்னேன். இத்தனை நாள் உனக்கு பதில் போடாததுக்கு நிஜக் காரணம் அது தான். உன் மேல கோவம்னு இல்ல, அன்னிக்கு எனக்கு உறுத்தவே இல்லையேன்னு தான். இந்த ஃபைல எழுதினவளும் எவளோ ஒருத்திக்கு போன் பண்ணி அப்படித் தான் சொல்லியிருப்பா.

இப்ப எனக்கு ஒரு உதவி. டெண்டர் போடப் போற கம்பெனிங்க வந்து கேள்வி கேக்கற பிரீ-பிட் மீட்டிங் இன்னும் நடக்கல, ஸ்பெக்ல திருத்தம் போட வழி இருக்கு, போடணும்னா காரணத்தோட நோட் வெக்கணும். டெண்டர் வெளிய வந்ததும் லிங்க் அனுப்பறேன், அப்ப அது எல்லாருக்கும் பொது, உன் வேலைக்கு ஒண்ணும் வராது. அதுல எந்தெந்த வரி பூட்டுறதுக்குன்னே போட்டது, எது நிஜமாவே தேவைன்னு நீ பாத்தா அஞ்சு நிமிஷத்துல தெரியும், எனக்கு ஒரு வாரம் ஆகும். அத மட்டும் குறிச்சு அனுப்பு. அப்பறம், மூணு வருஷம் கழிச்சு வெளிய வரணும்னா எங்க டாக்குமெண்ட், மெயில் எல்லாத்தையும் எடுத்துட்டுப் போக எவ்ளோ ஆகும்னு விலைப் பட்டியல்லயே ஒரு கட்டம் போடச் சொல்லப் போறேன். அந்தக் கட்டத்த யாரு காலியா விடறாங்கன்னு பாக்கணும். இப்படிக் கேட்டா உங்க ஆளுங்க என்ன சொல்லித் தப்பிப்பாங்கன்னும் எழுது, உனக்குத் தெரியாதது இல்ல.

முடியாதுன்னா முடியாதுன்னு எழுது, அதுக்காக நாலு மாசம் எடுத்துக்காத, அந்த வியாதி என்னோடயே போகட்டும்.

உன்
சுமதி

பி.கு: என் மேக்ரோ ஷீட்ட கூட வெச்சிருக்கேன், லிப்ரே ஆபிஸோட ஓடிஎஸ் ஃபைல். உங்க ஆபிஸ் மெஷின்ல திறந்தா ஆறாவது நெடுக்குக் கட்டம் கோணுதான்னு பாத்து சொல்லு. ப்ராப்பர்ட்டீஸ்ல ஆத்தர் நான் தான்.