கண்மாய்க் கரைக்குப் பிள்ளைகளை அனுப்புங்கள்: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம்.

டிசம்பர் தொடங்கி மாதம் ஒரு சனிக்கிழமை, ஏழாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளை வெளியே அழைத்துப் போகவிருக்கிறோம். நம் மேலூர் வட்டாரத்தின் கண்மாய்களையும் குன்றுகளையும் சுற்றிவந்து பறவை, செடி, கல்வெட்டு என்று பதிவுசெய்துவரும் இயற்கை ஆர்வலர் குழு ஒன்று நமக்குத் துணையாக வருகிறது. பிள்ளைகள் நடப்பார்கள், பார்ப்பார்கள், எண்ணுவார்கள், எழுதுவார்கள். சில நாள் கண்மாய்க் கரையில் குப்பை அள்ளுவார்கள், கன்று நடுவார்கள்.

ஒப்புதல் சீட்டை இத்துடன் இணைத்திருக்கிறேன். கையெழுத்துப் போடுவதற்கு முன் கடிதத்தை முழுதாகப் படித்துவிடுங்கள். சென்ற பெற்றோர் கூட்டத்தில் மூன்று பேர் ஒரே கேள்வியைக் கேட்டீர்கள்: "படிக்கிற பிள்ளைகளுக்கு இதெல்லாம் எதற்கு?" நியாயமான கேள்விதான். அன்று நின்ற இடத்தில் இரண்டு வரியில் பதில் சொன்னேன். அது போதவில்லை என்று வீட்டுக்குப் போகும்போதே தோன்றியது.

நான் முதன்முதலில் ஆசிரியர் பணிக்குப் போன ஊரில் பள்ளிக்குப் பின்னால் ஓர் ஊருணி இருந்தது. ஐப்பசி மழையில் நிறைந்தால் பங்குனி வரைக்கும் தண்ணீர் கிடக்கும். மதியம் பிள்ளைகள் அதன் படித்துறையில் உட்கார்ந்துதான் சாப்பிடுவார்கள். ஒரு கோடை விடுமுறை முடிந்து திரும்பி வந்தால், கட்டட இடிபாட்டைக் கொட்டி பாதி ஊருணியை மூடியிருந்தார்கள். ஊர்க்காரர்கள் நாலைந்து பேரும் நானும் மனு எழுதிக்கொண்டு ஓர் அலுவலகத்துக்குப் போனோம். அங்கிருந்த அதிகாரி மனுவைப் பொறுமையாகவே படித்தார். அப்புறம் கேட்டார்: "தண்ணீர் எத்தனை மாதம் நிற்கும்? எத்தனை வீட்டு ஆடு மாடு குடிக்கிறது? என்னென்ன பறவை வரும்? எழுத்தில் ஏதாவது வைத்திருக்கிறீர்களா?"

எங்களிடம் ஒரு வரி கிடையாது. நாள் தவறாமல் பார்த்த தண்ணீர். அதைப் பற்றி ஒரு நோட்டில் ஒரு வரி எழுதி வைக்க எனக்கோ, எனக்கு முன்னால் அங்கே இருந்த ஆசிரியர்களுக்கோ தோன்றவில்லை. மறு வருடம் மிச்சத்தையும் மூடிவிட்டார்கள். போன ஆண்டு அந்தப் பக்கம் போனபோது இறங்கிப் பார்த்தேன். படித்துறையின் மேற்கல் ஒன்று மட்டும் மண்ணுக்கு மேலே தெரிகிறது.

இனி அரிட்டாபட்டி. இங்கிருந்து பேருந்தில் அரை மணி நேரம். உங்களில் சிலருக்குப் பிறந்த ஊர், சிலருக்குப் பெண் கொடுத்த ஊர். என்ன நடந்தது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் அது நடந்த வரிசையைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது.

2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஆகிய இரண்டு ஊர்களிலும் சேர்த்து 193 ஹெக்டேருக்குச் சற்று அதிகமான நிலத்தைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக, அதாவது பலவகை உயிர்கள் வாழ்வதால் காக்க வேண்டிய இடமாக, அரசு அறிவித்தது. 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டத்தில் அதற்கு இடம் இருக்கிறது. அந்த அறிவிப்பைப் படித்துப் பார்த்தால் அது ஒரு பட்டியல் போலத்தான் இருக்கும்: ஏழு மலைகள், 72 ஏரிகள், 200 சுனைகள், 3 தடுப்பணைகள், ஏறக்குறைய 250 வகைப் பறவைகள். லகர் வல்லூறு, ஷாகின் வல்லூறு, ராசாளி, அழுங்கு, மலைப்பாம்பு, தேவாங்கு. இவற்றோடு சமணர் படுகைகள், தமிழின் பழைய எழுத்தான தமிழ்ப் பிராமியில் வெட்டிய கல்வெட்டு, பாண்டியர் காலக் குடைவரை. இந்தப் பட்டியல் ஒரே நாளில் வந்துவிடவில்லை. அதிகாலையில் எழுந்து மலையேறிய ஊர்க்காரர்களும், ஆர்வலர்களும், ஆய்வாளர்களும் பல வருடம் பார்த்துப் பார்த்து எழுதியது.

இரண்டு வருடம் கழித்து, 2024 நவம்பரில், டங்ஸ்டன் என்ற உலோகத்தை வெட்டியெடுக்க, நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி என்ற பெயரில் 2,000 ஹெக்டேருக்கும் மேற்பட்ட நிலம் ஒரு சுரங்க நிறுவனத்துக்கு ஏலத்தில் போனது. அந்தப் பாரம்பரியத் தலமும் அதற்குள் இருந்தது. அந்த மாதமே கிராம சபைகள் கூடிச் சுரங்கம் வேண்டாம் என்று தீர்மானம் போட்டன. டிசம்பர் 9ஆம் தேதி சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரையை நோக்கி மக்கள் நடந்தார்கள். நீங்களும் நடந்திருப்பீர்கள். ஜனவரி 23 அன்று ஏலம் ரத்து என்று மத்தியச் சுரங்க அமைச்சகம் அறிவித்தது. பல்லுயிர்ப் பாரம்பரியத் தலத்தின் முக்கியத்துவத்தை அந்த அறிவிப்பு காரணமாகவே சொன்னது.

ஊர் ஒன்றாக நின்றதுதான் முதல் காரணம். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அப்படி நின்றவர்கள் கையில் தாள் இருந்தது. "எங்கள் மலையில் இன்ன பறவை கூடு கட்டுகிறது, இன்ன இடத்தில் சுனை இருக்கிறது, இன்ன பாறையில் எழுத்து இருக்கிறது" என்று சொல்ல அவர்களால் முடிந்தது. என் ஊருணிக்கு அப்படி ஒரு தாள் இல்லாமல் போயிற்று. நான் இந்தத் திட்டத்தைக் கையில் எடுத்ததற்கு இதுதான் காரணம். நம் ஊர்க் கண்மாய்க்கு யாராவது எழுதி வைத்திருக்கிறார்களா என்று விசாரித்தேன். இல்லை. சரி, நம் பிள்ளைகளே எழுதட்டும் என்று முடிவு செய்தேன்.

அக்டோபரில் ஒரு சனிக்கிழமை பதினெட்டுப் பிள்ளைகளோடு நம் பெரிய கண்மாய்க்கு ஒரு முன்னோட்ட நடை போனோம். குழுவிலிருந்து வந்த தம்பி, பறவைகளின் பெயர் எதையும் முதலில் சொல்லித் தரவில்லை. ஆளுக்கு ஒரு சிறு நோட்டைக் கொடுத்து, பத்து நிமிடம் பேசாமல் உட்காரச் சொன்னார். அவ்வளவு நேரம் உட்கார மாட்டார்கள் என்று நினைத்தேன், உட்கார்ந்தார்கள். ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி மடைக்குப் பக்கத்துக் கல்லில் உட்கார்ந்து எழுதியதை அப்படியே தருகிறேன்: "கருப்பு. சிட்டுக்குருவியை விடக் கொஞ்சம் பெரிசு. வாலை நிமிர்த்தி நிமிர்த்தி வைக்குது. வாலுக்கு அடியில துரு நிறம். தோளில் வெள்ளையா ஒரு கோடு. தரையில தத்தித் தத்திப் போகுது." அதற்குப் பிறகுதான் புத்தகத்தைத் திறந்து காட்டினார்: கருஞ்சிட்டு. அவள் எழுதியிருந்ததில் ஒரு சொல்லைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. பாடத்தில் மூன்று வரி விடை எழுத அவள் எவ்வளவு தயங்குவாள் என்று வகுப்பாசிரியருக்குத் தெரியும்.

இன்னொரு பையன் புத்தகத்தில் செம்போத்துப் படத்தைப் பார்த்துவிட்டு, "இதை எங்க அப்பத்தா செம்பகம்னு சொல்லும்" என்றான். அந்தப் பெயரையும் அடைப்புக்குறிக்குள் எழுதிக்கொள்ளச் சொன்னார்கள். வீட்டில் பெரியவர்கள் சொல்லும் பெயர்களுக்குப் பட்டியலில் தனிப் பத்தியே ஒதுக்கியிருக்கிறோம். முக்குளிப்பான், நாமக்கோழி, நத்தைக்குத்தி நாரை, அரிவாள் மூக்கன் என்று அன்று மட்டும் 31 வகை எழுதினார்கள். நான் பத்து வகை சொல்லியிருப்பேன்.

டிசம்பரில் அதே கண்மாய்க்கு மறுபடியும் போகிறோம். வரத்துக் கால்வாய் எங்கே அடைபட்டிருக்கிறது, நிறைந்த தண்ணீர் வழியும் கலிங்கில் தண்ணீர் போகிறதா, மடை எத்தனை, கரையில் சீமைக்கருவேலம் எவ்வளவு தூரம் ஏறியிருக்கிறது என்று நடந்து பார்த்துப் படம் வரைவார்கள். ஜனவரியில் பொங்கல் விடுமுறையில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு வருகிறது. 2015 முதல் தமிழ்நாடு முழுவதும் பறவை ஆர்வலர்கள் சேர்ந்து நடத்துவது. ஓர் இடத்தில் குறைந்தது 15 நிமிடம் நின்று, கண்ணில் பட்ட பறவைகளை எல்லாம் எண்ணி, ஈபேர்டு என்ற இணையதளத்தில் ஏற்ற வேண்டும். இதற்குப் பள்ளிக்கு வரத் தேவையில்லை. உங்கள் வீட்டு மொட்டை மாடி போதும், தொழுவம் போதும். நீங்களும் கூட நின்றால் பிள்ளைக்கு உற்சாகமாக இருக்கும்.

பிப்ரவரியில் அரிட்டாபட்டி. ஊர்ப் பெரியவர்களிடமும் வனத்துறையிடமும் முன்கூட்டியே சொல்லி வைத்துவிட்டோம். கழிஞ்சமலைக் குகைத்தளத்தில் இருக்கும் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு ஏறத்தாழ 2,200 ஆண்டு பழையது. குகையைக் கொடையாகச் செய்து கொடுத்தவரின் பெயரைச் சொல்லி, "கொடுபிதோன்" என்று முடிகிறது. புள்ளியும் ஒற்றும் சேர்த்துப் படித்தால் "கொடுப்பித்தோன்". எழுத்து தெரியாவிட்டாலும் அந்தச் சொல் நம் பிள்ளைகளுக்கு விளங்கும். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் அதற்கு முன் தமிழ்ப் பிராமி எழுத்துகளை வகுப்பில் எழுதிப் பழகிவிடுவார்கள். அந்தப் பாறைக்கு முன்னால் நின்று அவர்கள் எழுத்துக் கூட்டிப் படிப்பதைப் பார்க்க எனக்கு ஆசையாக இருக்கிறது.

சின்ன இடம்தானே, நம் கண்மாயை யார் மதிப்பார்கள் என்று சிலர் கேட்டீர்கள். 2025இல் தமிழ்நாட்டின் இரண்டாவது பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது திண்டுக்கல் மாவட்டத்துக் காசம்பட்டி வீரகோயில் காடு. அதன் பரப்பு 5 ஹெக்டேருக்கும் குறைவு. நம் கண்மாய் அதைவிடப் பெரியது.

அடுத்து, உங்களில் பலர் தயங்கிக் கேட்ட விஷயம்: போராட்டம். வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். ஆர்ப்பாட்டம், ஊர்வலம், மறியல் எதற்கும் பள்ளியின் பெயரால் ஒரு பிள்ளையையும் அழைத்துப் போக மாட்டோம். எந்தக் கட்சியின் கொடியும் நம் நடையில் இருக்காது. குழுவினரும் இதற்குச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.

ஆனால் தன் ஊருக்காக முறையாகப் பேசுவது எப்படி என்று பிள்ளைகள் கற்றுக்கொள்ளத்தான் வேண்டும். அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. மனு எழுதக் கற்றுக்கொடுப்போம்: யாருக்கு, எந்த இடம், எந்த நாள், என்ன பார்த்தோம், என்ன வேண்டும். அக்டோபர் நடையில் மடைக்குப் பக்கத்தில் ஒன்பது சாக்குக் குப்பை அள்ளினார்கள். அங்கே குப்பை கொட்டாமல் தடுக்கவும் தொட்டி ஒன்று வைக்கவும் கேட்டு எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஊராட்சிக்கு எழுதிய மனு என் மேசையில் இருக்கிறது. முதலில் எழுதிய வரைவில் "தயவுசெய்து" என்ற சொல் ஆறு முறை வந்தது. அதை ஒன்றாகக் குறைத்துவிட்டு, மிச்ச இடத்தில் குப்பையின் அளவையும் தேதியையும் எழுதச் சொன்னேன்.

நம் மாநிலத்தில் ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூடுகிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் அதில் உறுப்பினர். அதாவது நீங்கள். பிள்ளைகளுக்கு அங்கே வாக்கு இல்லை. ஆனால் வரும் ஜனவரி 26 அன்று கொடியேற்றம் முடிந்ததும் உங்கள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்கார வையுங்கள். தீர்மானம் எப்படி எழுதப்படுகிறது, யார் எழுந்து பேசுகிறார்கள் என்று பார்க்கட்டும். பல்லுயிர்ச் சட்டத்தின்படி உள்ளாட்சிகளில் பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைத்து, ஊரின் உயிரினங்களைக் குறித்து வைக்கும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு என்று ஒன்று வைத்திருக்க வேண்டும். நம் பிள்ளைகளின் பட்டியலை ஆண்டுக் கடைசியில் சுத்தமாக நகலெடுத்து, அந்தப் பதிவேட்டில் சேர்க்கச் சொல்லிக் கொடுக்கவிருக்கிறோம். அதைக் கிராம சபையில் முன்வைக்கப் பெற்றோரில் இரண்டு பேர் வேண்டும். முன்வருபவர்கள் ஒப்புதல் சீட்டிலேயே குறித்து அனுப்புங்கள்.

பாதுகாப்பு. இருபது பிள்ளைகளுக்கு மூன்று ஆசிரியர்கள் வருவார்கள், அதில் ஒருவராவது ஆசிரியை. காலை 6.30க்குக் கிளம்பி 10.30க்குள் திரும்பிவிடுவோம், வெயில் ஏறும் முன்பே. தண்ணீரில் யாரும் இறங்கக் கூடாது, நீச்சல் தெரிந்தவர்களும்தான். பாறையில் மலைத்தேனீக் கூடுகள் இருக்கும். அதனால் வாசனைத் தைலம், சென்ட் பூசி அனுப்பாதீர்கள். கல் எறிவது, சத்தம் போடுவது கிடையாது. பிடிமானமுள்ள செருப்பு அல்லது ஷூ, தொப்பி அல்லது துண்டு, ஒரு லிட்டர் தண்ணீர், டிபன் பாக்ஸில் இட்லியோ எலுமிச்சைச் சாதமோ எது முடியுமோ அது. பாக்கெட் தின்பண்டம் வேண்டாம். ஆஸ்துமா, ஒவ்வாமை, வலிப்பு போன்றவை இருந்தால் மறைக்காமல் எழுதுங்கள். அந்தப் பிள்ளையை விட்டுவிட்டுப் போவதற்காகக் கேட்கவில்லை, மருந்தோடு போவதற்காகக் கேட்கிறேன். அரிட்டாபட்டிப் பயணத்துக்கான பேருந்துச் செலவைப் பள்ளியே ஏற்கிறது. யாரும் பணம் தர வேண்டியதில்லை.

விருப்பமுள்ள பிள்ளைகள் வந்தால் போதும், கட்டாயம் இல்லை. வராதவர்களுக்கு மதிப்பெண் குறையாது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளைப் பொதுத் தேர்வு காரணமாக இந்த ஆண்டு சேர்க்கவில்லை. அவர்களில் சிலர் வந்து வருத்தப்பட்டுக் கேட்டார்கள். பொங்கல் கணக்கெடுப்பில் வீட்டிலிருந்தபடியே சேர்ந்துகொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறேன்.

பெண் பிள்ளைகளை அனுப்ப யோசிக்கும் பெற்றோருக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். முதல் நடைக்கு நீங்களே கூட வாருங்கள். பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஒப்புதல் சீட்டை நவம்பர் 28ஆம் தேதிக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்துவிட வேண்டும். அதன் பின்பக்கத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன். வீட்டில் இருக்கும் தாத்தா, அப்பத்தா, அம்மாச்சி யாராவது ஒருவரைக் கேட்டு, உங்கள் ஊர்க் கண்மாயின் பழைய பெயர், அதன் மடைகளின் பெயர், முன்பு அங்கே வந்து இப்போது வராத பறவையோ மீனோ இருந்தால் அதன் பெயர், இவற்றை அதில் எழுதி அனுப்புங்கள். அவர்கள் சொல்லச் சொல்லப் பிள்ளையே எழுதட்டும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்